பம்மலா, குரோம்பேட்டையா? விமான இரைச்சலை எடைபோட்டு வீடு தேர்ந்தெடுப்பது எப்படி

கேள்வி: நானும் என் மனைவியும் கிண்டியில் வேலை பார்க்கிறோம். ஆறு வயது மகனும் பத்து மாதக் கைக்குழந்தையும் இருக்கிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுத்துக்கொள்ளும் என் அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். பம்மலில் ஒரு குடியிருப்பின் மேல்தளத்தில் மூன்று படுக்கையறை கொண்ட மறுவிற்பனை வீடு எங்கள் பணத்துக்குள் வருகிறது. அதே தொகைக்குக் குரோம்பேட்டையில் இரண்டு படுக்கையறைதான் கிடைக்கிறது. பம்மல் வீட்டை ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் பார்த்தோம். இரண்டு மூன்று விமானங்கள் சென்றன, அவையும் உயரத்தில்தான் சென்றன. ‘இரண்டு வாரத்தில் பழகிவிடும்’ என்கிறார் தரகர். குழந்தைகளின் காதுக்குப் பாதிப்பு வருமா? இந்த வீட்டை வாங்கலாமா?

பதில்: காது பற்றிய அச்சத்தை முதலில் விலக்கிவிடலாம். செவித்திறன் கெடுவதற்குத் தொழிற்சாலைகளில் இருப்பதுபோல் 85 டெசிபல் அளவிலான ஓசை நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்கில் காதில் விழ வேண்டும். விமானம் தலைக்கு மேல் கடக்கும் சில நொடிகளில், வீட்டுக்குள் இருக்கும் குழந்தையின் காது கெட்டுவிடுவதில்லை. உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை கவலைப்பட வேண்டியவை வேறு: இரவுத் தூக்கம், மகனின் படிப்பு, அம்மாவின் ரத்த அழுத்தம். வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த மூன்றையும் முன்னால் வைத்துப் பாருங்கள்.

வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் விமான நிலையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியால் பெரிய பயன் இல்லை. விமானம் ஓடுபாதையின் நேர்கோட்டில்தான் இறங்குகிறது என்பதால், அந்தக் கோட்டுக்கு அடியில் 8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வீட்டில் கேட்கும் ஓசை, கோட்டுக்குப் பக்கவாட்டில் 3 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வீட்டில் கேட்காமல் போகலாம். சென்னை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உள்ளன. முதன்மையானது ஏறக்குறைய 3.6 கிலோமீட்டர் நீளமுடையது. கிழக்கு வடகிழக்கிலிருந்து மேற்கு தென்மேற்காகக் கிடக்கிறது. அதன் கோட்டைக் கிழக்கே நீட்டினால் ஆலந்தூர், கிண்டி, அடையாறு வழியாகக் கடலுக்குப் போகும். மேற்கே நீட்டினால் பம்மல் வட்டாரத்தின் மீது செல்லும். இரண்டாவது ஓடுபாதையின் கோடு வடமேற்கே கொளப்பாக்கம், கெருகம்பாக்கம் பக்கமும், தென்கிழக்கே கீழ்க்கட்டளைப் பக்கமும் போகிறது. குரோம்பேட்டை முதன்மைக் கோட்டிலிருந்து ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தெற்கே விலகி இருக்கிறது. நீங்கள் பார்த்திருக்கும் இரண்டு வீடுகளும் விமான நிலையத்துக்கு அருகில்தான் இருக்கின்றன என்றாலும், விமானப் பாதையைப் பொறுத்து அவற்றின் நிலை முற்றிலும் வேறு.

இதை நீங்களே சரிபார்க்கலாம். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் படத்தைத் திறந்து, தூரம் அளக்கும் வசதியைக் கொண்டு ஓடுபாதையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கோடு இழுத்து, அதை அப்படியே நேராக நீட்டிப் பாருங்கள். இறங்கும் விமானம் சுமார் 3 பாகைச் சரிவில் வருகிறது. அதாவது ஓடுபாதை முனையிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 52 மீட்டர் உயரம் கூடுகிறது. முனையைக் கடக்கும்போது இருக்கும் 15 மீட்டரையும் சேர்த்தால், 3 கிலோமீட்டர் தொலைவில் விமானம் ஏறக்குறைய 170 மீட்டர் உயரத்திலும், 5 கிலோமீட்டரில் 280 மீட்டர் உயரத்திலும், 10 கிலோமீட்டரில் 540 மீட்டர் உயரத்திலும் பறக்கும். நீங்கள் பார்த்த வீடு கோட்டிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது, முனையிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்ற இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பம்மலுக்குள்ளேயே சில தெருக்கள் தள்ளிப் போனால் ஓசை கணிசமாக மாறும்.

ஜூலைக் காலையில் நீங்கள் பார்த்தது பாதிக் காட்சிதான். விமானங்கள் முடிந்தவரை எதிர்காற்றில்தான் ஏறும், எதிர்காற்றில்தான் இறங்கும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் விமானங்கள் பெரும்பாலும் கடல் பக்கமிருந்து அடையாறு, ஆலந்தூர் வழியாக இறங்கி, மேற்கு நோக்கி உங்கள் வீட்டுப் பக்கம் எழும்புகின்றன. எழும்பும் விமானம் ஓடுபாதை முடிவதற்கு முன்பே தரையை விட்டு உயர்ந்துவிடுவதால் பம்மலைத் தாண்டும்போது ஓரளவு உயரத்தில் இருக்கும். எஞ்சின் பெருவிசையில் இயங்குவதால் ஆழ்ந்த முழக்கம் மட்டும் நீண்டு கேட்கும். வடகிழக்குப் பருவம் தொடங்கியதும் நிலை தலைகீழாகிறது. அக்டோபரிலிருந்து ஏறக்குறைய பிப்ரவரி வரை காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், விமானங்கள் மேற்கிலிருந்து பம்மலுக்கு மேல் தாழ்ந்து இறங்கும். அப்போது நீங்கள் கேட்கப்போகும் ஓசைக்கும் ஜூலையில் கேட்டதற்கும் ஒப்புமை இல்லை. கோடையில் இன்னொரு சிக்கலும் உண்டு. காலையில் மேற்குக் காற்றும் பிற்பகலில் கடற்காற்றும் வீசும் நாட்களில் ஓடுபாதையின் திசை ஒரே நாளுக்குள் மாறக்கூடும். ஆகவே ஒரு வருகையை வைத்து ஒரு வீட்டை முடிவு செய்யக் கூடாது.

அடுத்து, சட்ட வரம்பு. ‘எல்லாம் விதிமுறைக்குள்தான் இருக்கிறது’ என்று யாராவது சொன்னால், அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் அதில் நீங்கள் நிம்மதி அடைய முடியாது. சாதாரணக் குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. விமான நிலைய இரைச்சல் மண்டலங்களுக்கோ 2018-இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் தனி வரம்பு வகுத்தது: ஆண்டுக்கு 50,000-க்கும் மேல் விமானப் போக்குவரத்து உள்ள நிலையங்களைச் சுற்றி, காலை 6 முதல் இரவு 10 வரை 70 டெசிபல், இரவில் 65 டெசிபல். சென்னை இந்த வகையில்தான் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக அதே 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், விமான இரைச்சல், மாலை, இரவு ஓசைக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடும் நாள் முழுவதற்குமான சராசரியில் 45 டெசிபலுக்கும், இரவில் 40 டெசிபலுக்கும் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறது. அளக்கும் முறைகள் சற்று வேறுபட்டாலும், சட்டம் அனுமதிப்பதற்கும் உடல்நலம் கேட்பதற்கும் இடையிலுள்ள தூரம் தெளிவாகத் தெரிகிறது.

இந்த வரம்புகள் சராசரி என்பதையும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் 20 விமானங்கள், ஒவ்வொன்றும் 20 நொடி 75 டெசிபல் ஓசை எழுப்பினால், இடைப்பட்ட அமைதியையும் சேர்த்துக் கணக்கிடும் சராசரி ஏறக்குறைய 65 அல்லது 66 டெசிபல்தான் வரும். அது பகல் வரம்புக்குள் அடங்கிவிடும். ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சு நின்றுபோகும். இரவில் மணிக்கு நான்கே விமானங்கள் அதே அளவில் சென்றால் சராசரி 59 டெசிபலைத் தாண்டாது. தூங்குபவரை எழுப்புவதோ அந்த நான்கு உச்சங்கள்தான். ஜன்னல் திறந்திருந்தால் சுவர் நமக்குத் தரும் பாதுகாப்பு 10 முதல் 15 டெசிபல் மட்டுமே என்பதால், தலையணை அருகே 60-க்கும் மேல் கேட்கும். ஆகவே வீட்டைப் பார்க்கும்போது சராசரியைத் தேடாமல், இரவில் எத்தனை விமானங்கள், ஒவ்வொன்றும் எவ்வளவு உரக்க என்று கேளுங்கள். ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை திட்டமிட்ட விமானங்களுக்குத் தடை உண்டு. சென்னையில் அத்தகைய தடை இல்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் வெளிநாட்டு விமானங்கள் பல வந்து போகின்றன.

பழகிவிடும் என்று தரகர் சொன்னதில் ஒரு பாதி மெய். சில வாரங்களில் விழித்து உட்காருவது குறையும், எரிச்சலும் தணியும். ஆனால் விழிக்காமல் தூங்கும்போதும் விமானம் கடக்கையில் இதயத் துடிப்பு கூடுவது போன்ற உடலின் எதிர்வினைகள் முழுதாக மறைவதில்லை. ஆறு ஐரோப்பிய விமான நிலையங்களைச் சுற்றி வாழும் 45 முதல் 70 வயது வரையிலானவர்களிடம் நடந்த ஹையீனா என்ற ஆய்வு, இரவு விமான இரைச்சல் 10 டெசிபல் கூடும்போது உயர் ரத்த அழுத்தம் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 14 சதவீதம் கூடுவதாக 2008-இல் கண்டது. ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்ளும் அம்மாவின் அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதை மறக்க வேண்டாம்.

மகனின் படிப்பு பற்றி இன்னும் உறுதியான சான்று இருக்கிறது. லண்டன் ஹீத்ரோ, ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல், மாட்ரிட் பராஹாஸ் ஆகிய நிலையங்களுக்கு அருகிலுள்ள பள்ளிகளில் 9, 10 வயதுக் குழந்தைகள் 2,800-க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2005-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு, பள்ளியில் விமான இரைச்சல் கூடக்கூட வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் குறைவதைக் காட்டியது. சாலை இரைச்சலுக்கு அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை என்பதுதான் உங்களுக்கு முக்கியம்; ஏனென்றால் குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயிலும் உண்டு, அங்கே அமைதி கொட்டிக் கிடக்கவில்லை. விட்டுவிட்டு வரும் விமான ஓசை ஆசிரியரின் வாக்கியத்தையே வெட்டுகிறது. சீராக ஓடும் சாலை ஓசை அந்த அளவுக்கு வெட்டுவதில்லை. நம்பிக்கை தரும் செய்தியும் உண்டு. 1992-இல் மியூனிக் நகரின் பழைய விமான நிலையம் மூடப்பட்டபோது, அதன் அருகிலிருந்த குழந்தைகளின் நினைவாற்றலும் வாசிப்பும் அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் மீண்டன. புதிய நிலையத்துக்கு அருகிலிருந்த குழந்தைகளுக்கு அவையே குறைந்தன. பாதிப்பு நிரந்தரமானது என்று அஞ்ச வேண்டாம், ஆனால் அது மெய்யானது. எனவே வீட்டுக்கு இழுத்த அதே கோட்டின் மீது பள்ளி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். வீடு விலகி இருந்து பள்ளி கோட்டுக்கு அடியில் இருந்தால் பலன் பெரும்பாலும் கைநழுவிவிடும். ஜன்னல்களைத் திறந்து வைத்து நடக்கும் நம் வகுப்பறைகளில் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

மேல்தளம் என்பதற்காகத் தனியாக அஞ்ச வேண்டியதில்லை. கான்கிரீட் கூரை நல்ல தடுப்பு. ஓசை நுழைவது ஜன்னல், கதவிடுக்கு, குளியலறை வெண்டிலேட்டர் வழியாகத்தான். மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட அறை இருந்தால் அதைக் குழந்தைகளின் படிப்பறை ஆக்காதீர்கள். சுற்றுச்சுவரும் மரங்களும் மேலிருந்து வரும் ஓசைக்குப் பயன்படா. ஜன்னலை மாற்றுவதானால், நகர்த்தும் வகையைவிடக் கதவுபோல் மூடி இறுகும் வகை மேலானது. இரட்டைக் கண்ணாடி என்ற பெயரைவிட, விளிம்பு முழுதும் காற்றுப் புகாமல் அடைபடுகிறதா என்பதுதான் பெரிய வேறுபாட்டைத் தரும். ஆனால் சென்னையில் மூடிய ஜன்னல் என்றால் ஆண்டின் பெரும்பகுதி ஏசி ஓட வேண்டும். மூன்று படுக்கையறைகளுக்கு ஜன்னல் மாற்றும் செலவையும் மின்கட்டணத்தையும் பம்மல் வீட்டின் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே அது மலிவா என்று சொல்ல முடியும். ஜன்னலைத் திறந்து வைத்து வாழ விரும்பும் குடும்பத்துக்கு எந்தக் கண்ணாடியும் உதவாது.

விற்பவர் விமான நிலைய ஆணையத்தின் தடையின்மைச் சான்றைக் காட்டினால், அது கட்டடத்தின் உயரம் விமானத்துக்கு இடையூறாக இல்லை என்பதற்கான அனுமதி மட்டுமே. இரைச்சலைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பரந்தூர் விமான நிலையம் வந்ததும் எல்லாம் அடங்கிவிடும் என்ற பேச்சையும் விலையில் சேர்க்க வேண்டாம். பெங்களூரிலும் ஐதராபாத்திலும் 2008-இல் புதிய நிலையங்கள் திறந்தபோது பழையவற்றில் வழக்கமான பயணியர் சேவை நின்றது உண்மை. ஆனால் மீனம்பாக்கத்தில் 2023-இல்தான் புதிய முனையம் திறக்கப்பட்டது. 2022-இல் அறிவிக்கப்பட்ட பரந்தூரை நம்பி, பத்து மாதக் குழந்தையின் வளரும் பருவத்தைப் பந்தயம் வைக்க முடியாது.

என் கருத்தைத் தயங்காமல் சொல்கிறேன். அந்த வீடு நீங்கள் இழுத்த கோட்டிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இருந்தால், இப்போது வாங்க வேண்டாம். கூடுதலாக ஓர் அறை கிடைப்பது பெரிய வசதிதான். ஆனால் ஐந்து பேரும் நன்றாகத் தூங்கும் இரண்டு அறைகள் இந்த வயதில் உங்கள் குடும்பத்துக்கு அதைவிட அவசியம். பம்மலில்தான் இருக்க வேண்டிய காரணங்கள் இருந்தால், உறவினர் வீடோ மகனின் பள்ளியோ அங்கே இருந்தால், அக்டோபருக்கு முன்பே அதே தெருவில் வாடகைக்குப் போய், ஒரு வடகிழக்குப் பருவம் முழுதும் இருந்து பாருங்கள். அதற்கும் வழியில்லை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் நவம்பர் அல்லது டிசம்பரில் ஓர் இரவு 11 மணியிலிருந்து 3 மணி வரை அந்த வீட்டின் படுக்கையறையில் இருக்க அனுமதி கேளுங்கள். விளக்கையும் மின்விசிறியையும் அணைத்து, ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரமும் மூடி ஒரு மணி நேரமும் இருந்து, விமானம் கடக்கும்போது இருவரும் வழக்கமான குரலில் பேசிப் பாருங்கள். ஃப்ளைட்ரேடார்24 செயலியைத் திறந்து வைத்தால் ஒவ்வொரு விமானமும் எந்த உயரத்தில் கடக்கிறது என்பதும் தெரியும். மறுநாள் காலையில், அந்தக் குடியிருப்பில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் உள்ள ஒரு தாயிடம், பரீட்சைக் காலத்தில் வீட்டில் எப்படிப் படிக்க வைக்கிறீர்கள் என்று கேளுங்கள். தரகரிடம் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும். குரோம்பேட்டை வீட்டையும் இதே முறையில் ஓர் இரவு சோதித்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள், அங்கே ஜி.எஸ்.டி. சாலையை நோக்கிய படுக்கையறையாக இருந்தால், அதே கட்டடத்தில் பின்பக்கம் பார்த்த வீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள்.