செயின்ட் லூசியாவுக்குச் செல்லும்போது அமெரிக்க டாலரே போதுமா, உள்ளூர்ப் பணமும் வேண்டுமா?

இரண்டும் வேண்டும், ஆனால் அன்றாடச் செலவுக்கு உள்ளூர்ப் பணமே சிக்கனமானது. செயின்ட் லூசியாவில் புழங்குவது கிழக்குக் கரீபிய டாலர். செயின்ட் கிட்ஸ் தீவின் பாசெட்டேர் நகரில் தலைமையகம் கொண்ட கிழக்குக் கரீபிய மத்திய வங்கி வெளியிடும் இப்பணம், டொமினிக்கா, கிரெனடா, ஆன்டிகுவா உட்பட எட்டு ஆட்சிப்பகுதிகளில் செல்லும். பார்படோஸ் இதில் சேராது. அதற்குத் தனி நாணயம் உண்டு.

1976 முதல் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.70 கிழக்குக் கரீபிய டாலர் என்று மாற்று விகிதம் நிலையாக இருப்பதால், விகிதம் ஏறுமா இறங்குமா என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆயினும் கடைக்காரர்கள் அமெரிக்க டாலரை வாங்கும்போது பெரும்பாலும் 2.70-ஐவிடக் குறைவாகக் கணக்கிட்டு, மீதியை உள்ளூர்ப் பணத்தில் தருவார்கள். ஒவ்வொரு முறையும் சிறு தொகைதான், ஆனால் சேர்ந்தால் கணிசமாகும்.

இதைவிடப் பெரிய குழப்பம் விலையில் உள்ளது. இரண்டு நாணயங்களுக்கும் 'டாலர்' என்றே பெயர் என்பதால், டாக்சியில் ஏறுமுன்னரே எந்த டாலர் என்று கேட்டுத் தெளிவது அவசியம். 80 என்று சொன்னது அமெரிக்க டாலராக இருந்தால் செலவு ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும்.

தலைநகர் காஸ்ட்ரீஸின் சந்தைக்கும் மினிபஸ்ஸுக்கும் சிறிய நோட்டுகள் கைவசம் இருக்கட்டும். அட்டையில் செலுத்தும்போது, உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா என்று இயந்திரம் கேட்டால் மறுத்துவிடுங்கள். மிஞ்சும் உள்ளூர்ப் பணத்தை அங்கேயே செலவழித்துவிடுங்கள். அந்த வட்டாரத்துக்கு வெளியே மாற்றுவது கடினம்.