கரண்ட் பில்: ஓசூரா, பெங்களூரா?

கேள்வி: வாடகைக்காக பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியை விட்டு ஓசூருக்கு மாறப் பார்க்கிறோம். பெங்களூரு மின் விநியோக நிறுவனமான பெஸ்காமில் யூனிட் 5.80 ரூபாய், ஓசூரில் 11 ரூபாய்க்கு மேல் போகிறது என்கிறார்கள். பில் இரண்டு மடங்காகிவிடுமா?

பதில்: நீங்கள் ஒப்பிடுவது பெஸ்காமின் ஒரே வீதத்தையும் தமிழ்நாட்டின் கடைசி ஸ்லாபையும் (யூனிட் கூடக் கூட வீதம் ஏறும் படிகளில் உச்சப் படி). அதைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர முடியாது. உங்கள் வீட்டுக்கு எத்தனை யூனிட் ஓடுகிறதோ அதை வைத்து இரண்டு பில்லையும் முழுசாகப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, பெஸ்காமில் மாதாமாதம். ஆகவே முதலில் பெங்களூரு யூனிட்டை இரண்டால் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

மாதம் 250 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். ஓசூரில் அது இரு மாதத்துக்கு 500. 2024 ஜூலை முதல் உள்ள வீதப்படி முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. கூட்டினால் 235 + 940 + 630 = 1,805 ரூபாய். மாதத்துக்கு 902.50. வீட்டு இணைப்புக்கு நிலைக் கட்டணம் (எத்தனை யூனிட் ஓடினாலும் மாறாத கட்டணம்) கிடையாது. 2025 ஜூலையில் வீதம் உயர்ந்தபோதும் வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றுக்கொண்டது.

பெங்களூரில் 2025 ஏப்ரல் வீதப்படி 250 யூனிட்டுக்கு 1,450 ரூபாய். அதோடு நிலைக் கட்டணம் ஒரு கிலோவாட்டுக்கு 145. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை 3 கிலோவாட் என்றால் 435. ஊழியர் ஓய்வூதியத்துக்கான கூடுதல் கட்டணம் யூனிட்டுக்கு 36 காசு, அது 90. யூனிட் கட்டணத்தின் மேல் 9 சதவீத வரி 130.50. ஆக மொத்தம் 2,105.50. எரிபொருள் விலையைப் பொறுத்து மாதாமாதம் மாறும் சரிக்கட்டல் தொகையை இதில் சேர்க்கவில்லை. யூனிட்டுக்கு 5.80 என்று சொல்லப்படுவது, கட்டும்போது 8.42 ஆகிறது. ஓசூரில் அதே யூனிட் சராசரி 3.61.

கேள்வி: அப்படியானால் எப்போதும் ஓசூர்தான் மலிவா?

பதில்: இல்லை. இரண்டு பக்கமும் விதிவிலக்கு உண்டு.

குறைவாக ஓடும் வீட்டுக்கு கர்நாடகத்தின் கிருஹ ஜோதி திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்து, உங்களுக்கு ஒதுக்கிய அளவுக்குள் நின்றால் பில் பூஜ்யம். ஓசூரில் மாதம் 150 யூனிட் வீட்டுக்கு இரு மாத பில் 705 ரூபாய் வரும். ஆனால் ‘200 யூனிட் இலவசம்’ என்று பொத்தாம் பொதுவாக நம்பிவிடக் கூடாது. ஒதுக்கீடு என்பது பொதுவாக அந்த இணைப்பின் 2022-23 சராசரியும் அதன் மேல் 10 சதவீதமும். 200 என்பது உச்சவரம்பு. அந்த ஆண்டுக் கணக்கே இல்லாத புது வீட்டுக்கு 58 யூனிட்தான். ஒதுக்கீட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் கட்டலாம், 200ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். பெங்களூரில் வாடகைக்குப் போகிறவர்கள், முன்பு குடியிருந்தவர் தன் பதிவை அந்த இணைப்பிலிருந்து நீக்கிவிட்டாரா என்று முன்பணம் கொடுக்குமுன் கேட்டுவிடுவது நல்லது.

அதிகம் ஓடும் வீட்டுக்கு நிலைமை தலைகீழ். ஓசூரில் இரு மாதம் 1,200 யூனிட் ஓடினால் 9,180 ரூபாய், அதாவது மாதம் 4,590. பெங்களூரில் மாதம் 600 யூனிட்டுக்கு, 3 கிலோவாட் இணைப்பில், 4,444. இரு மாதத்துக்குச் சுமார் 1,140 யூனிட்டில் இரண்டும் சமமாகின்றன. 5 கிலோவாட் இணைப்பென்றால் நிலைக் கட்டணம் கூடுவதால் அந்தப் புள்ளி சுமார் 1,260க்குத் தள்ளிப்போகும்.

கேள்வி: போன முறை 500க்குள் இருந்தது. இம்முறை பத்து யூனிட்தான் கூடுதல், பில்லில் 300 ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. மீட்டர் கோளாறா?

பதில்: மீட்டர் சரியாகத்தான் இருக்கும். 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு 2.35 என்ற சலுகை, மொத்தம் 500க்குள் நிற்பவர்களுக்கு மட்டும். 501 ஆனதும் அந்த நூறுக்கும் 4.70 போடுவார்கள்; அங்கேயே 235 ரூபாய் ஏறிவிடும். தாண்டிய யூனிட்டுக்கு 8.40. 500க்கு 1,805, 501க்கு 2,048.40, 510க்கு 2,124. அந்த ஒரு யூனிட்டின் விலை 243.40!

ரீடிங் எடுத்த நாளிலிருந்து 45ஆம் நாள் மீட்டரைப் பாருங்கள். அதுவரை ஓடியது 375 யூனிட்டைத் தாண்டியிருந்தால் 60ஆம் நாளில் 500ஐத் தாண்டும் வேகத்தில் போகிறீர்கள். கீசர், ஏசியைக் குறைக்க இன்னும் பதினைந்து நாள் கையில் இருக்கிறது. ரீடிங் எடுக்க வருபவர் நாலைந்து நாள் தாமதித்தாலும் இந்தக் கோட்டைத் தாண்ட நேரும். தேதியையும் அளவையும் அட்டையில் குறித்து, மீட்டரைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பிரிவு அலுவலகத்தில் பேச ஆதாரம் இருக்கும்.

கேள்வி: ஓசூர் வீட்டில் இரு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது. ஒரு ஏசி வாங்கினால் எவ்வளவு கூடும்?

பதில்: ஏசியின் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று இருக்கும். அது 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. 750 என்று போட்டிருந்தால், இரவு 8 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு, அதாவது 480 மணி நேரத்துக்கு, 225 யூனிட். கடும் கோடையில் இதைவிடக் கூடும். மொத்தம் 725 யூனிட்டுக்கு பில் 4,061.25. 500ஐத் தாண்டியதால் போன 235 ரூபாய் சலுகையையும் சேர்த்து ஏசிக்கு மட்டும் 2,256.25, யூனிட்டுக்குப் பத்து ரூபாய். புதிதாகச் சேரும் யூனிட் எப்போதும் மேல் ஸ்லாபில்தான் விழும். சராசரி வீதத்தால் பெருக்கினால் ஏமாந்து போவீர்கள். இதே 225 யூனிட் பெங்களூரில் வரியெல்லாம் சேர்த்து சுமார் 1,503 ரூபாய். இணைப்பின் கிலோவாட்டைக் கூட்ட வேண்டி வந்தால் நிலைக் கட்டணம் தனி.

கேள்வி: புதுச்சேரி, கேரளத்தோடு ஒப்பிட வேண்டுமானால்?

பதில்: புதுச்சேரியில் ஸ்லாப் மாதக் கணக்கு. அங்கே 100 என்றிருந்தால் கடலூர் பில்லுக்கு 200 என்று படியுங்கள். கிலோவாட்டுக்கு நிலைக் கட்டணமும் உண்டு. கேரளத்தில் வீதப் பட்டியல் மாதத்துக்கு, பில் பெரும்பாலும் இரண்டு மாதத்துக்கு. அங்கே மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் ஸ்லாப் ஸ்லாபாகப் பிரிக்க மாட்டார்கள், முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த வீதம். பாலக்காட்டுக்குக் குடிபோகும் கோவைக்காரர்கள் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

கேள்வி: ஓசூரில் வீட்டுக்காரர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் கேட்கிறார். சரியா?

பதில்: உங்கள் 500 யூனிட்டுக்கு அவர் கணக்கில் 4,000 ரூபாய். தனி இணைப்பென்றால் 1,805. அவரும் வேண்டுமென்றே கூட்டிக் கேட்கிறார் என்று சொல்ல முடியாது. மூன்று குடித்தனம் ஒரே இணைப்பில் இருந்தால் மொத்த யூனிட் ஆயிரத்தைத் தாண்டி அவருக்கே 11.55 வரை விழுகிறது, இலவச நூறும் மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு முறைதான். மின்வாரிய பில்லைக் காட்டச் சொல்லி யூனிட் விகிதப்படி பிரிப்பது நியாயம். அதைவிட நல்லது, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் தனி இணைப்பு கேட்டு விண்ணப்பிக்கச் சொல்வது. ஒப்பந்தம் எழுதுமுன் பேசிவிடுங்கள். குடிபோன பிறகு வீட்டுக்காரருக்கு அதில் அவசரம் இருக்காது.