சீன உளியை எதை வைத்து நம்புவது? – பாவனையாளர் கேள்வி-பதில்

கேள்வி: முள்ளியவளையில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டு, ஏ9 பாதை திறந்திருந்த காலத்தில், வவுனியாவில் வாங்கிய சீன உளிகள் ஒரு முதிரை நிலைக்குத் துளை போட்டு முடிப்பதற்குள் வாய் மடிந்து போயின. அன்றிலிருந்து சீனச் சாமான் வாங்குவதில்லை என்று இருந்தேன். சில வருடங்களுக்கு முன்னர் என் மகன் வாங்கிவந்த சீனச் சீவுளியோ, என் தகப்பனார் விட்டுச்சென்ற இங்கிலாந்துச் சீவுளிக்கு ஈடாக வேலை செய்கிறது. அதை நம்பி, அதே கடையில் அதே பெயருடைய இன்னொன்றை இந்த வருடம் வாங்கினேன். அது மரத்தில் துள்ளுகிறது. சீனச் சாமான் திருந்திவிட்டதா, இல்லையா?

பதில்: உங்கள் மூன்று அனுபவங்களும் உண்மையானவை, ஒன்றை வைத்து மற்றதைப் பொய்யாக்க வேண்டியதில்லை. மேல்தரச் சீனக் கருவிகள் கடந்த இருபது ஆண்டுகளில் மிகவும் முன்னேறிவிட்டன. குவாங்ஷெங் என்ற சீன நிறுவனத்தின் சீவுளிகளை பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் கைவேலையில் தேர்ந்தவர்களே விரும்பி வாங்குகிறார்கள். சப்பானின் மக்கிற்றா நிறுவனத்துக்குச் சீனாவின் குன்ஷான் நகரிலும், ஜேர்மனியின் பொஷ் நிறுவனத்துக்கு ஹாங்சோ நகரிலும் மின்கருவித் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆகவே, "சப்பான் சாமான்தான் பாவிப்பேன்" என்று சொல்பவர்களில் சிலர் தங்கள் கருவியின் அடியிலுள்ள தகட்டை ஒருதரம் வாசித்துப் பார்ப்பது நல்லது.

கீழ்த்தரக் கருவிகளின் கதை வேறு. அவை போய்விடவில்லை, அவற்றின் தோற்றம் மட்டும் மாறிவிட்டது. 2003 இல் நீங்கள் வாங்கிய உளியைப் பார்த்தவுடனேயே அதன் தரத்தைச் சொல்லியிருக்கலாம்: பிடி ஆடும், இரும்பில் பொருக்கு இருக்கும், பெயின்ற் நகத்தோடு வரும். இப்போது கணினி கட்டுப்படுத்தும் கடைசல் இயந்திரங்களும் அரைக்கும் இயந்திரங்களும் மலிவாகிவிட்டதால், நல்லதும் கெட்டதும் ஒரே பளபளப்போடு கடைக்கு வருகின்றன. கண்ணால் பார்த்துத் தரம் சொல்லும் பழைய பழக்கம் இதனால்தான் நம்மைக் கைவிட்டது. இரும்பை எவ்வளவு நேரம் உலையில் வைத்தார்கள், எந்தச் சூட்டில் பதம் கொடுத்தார்கள், வார்த்த பின்னர் அதன் உள்ளிறுக்கம் தளர விட்டார்களா, நூற்றில் எத்தனையைச் சோதித்தார்கள் என்பவைதான் கருவியின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. செலவைக் குறைக்க நினைப்பவர் முதலில் கைவைப்பதும், வெளியே எதுவும் தெரியாத இந்த இடங்களில்தான்.

இனி, ஒரே பெயருடைய இரண்டு சீவுளிகள் ஏன் வேறுபட்டன என்ற கேள்விக்கு வருகிறேன். நம் கடைகளில் காணும் பல பெயர்கள் தொழிற்சாலையின் பெயர்கள் அல்ல. இறக்குமதியாளரோ இடைத்தரகரோ வைத்த பெயர்கள். அதே பெயரை அடுத்த வருடம் வேறொரு தொழிற்சாலையின் பொருளில் பொறிக்கலாம். அல்லது அதே தொழிற்சாலையிடமே மலிவான உருக்கில் செய்யச் சொல்லலாம். 2022 ஆம் ஆண்டின் மார்ச் மாதத்துக்கும் மே மாதத்துக்கும் இடையில் ஒரு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனதை நாம் எல்லோரும் அனுபவித்தோம். அந்த நெருக்கடியில் விலையை ஏற்றி வாடிக்கையாளரை இழப்பதா, தரத்தை இறக்கி விலையைப் பிடித்து வைப்பதா என்று நின்ற வியாபாரிகளில் எல்லோரும் முதல் வழியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. ஆகவே ஒரு பெயர் நல்லது என்று யாராவது சொன்னால், எந்த வருடத்து வரத்து என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

உங்கள் புதிய சீவுளி துள்ளுவதற்கான காரணத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். முதலில் இரண்டு சீவுளிகளின் அலகுகளையும் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துத் தடிப்பைப் பாருங்கள். முதிரையின் முறுக்கு நாரில் மெல்லிய அலகு வளைந்து துள்ளும். அடுத்து, அலகு படுத்திருக்கும் சாய்வுக் கட்டையைப் பாருங்கள். அதன் முகத்தில் பெயின்ற் திரண்டிருந்தாலோ அது உடலோடு ஒட்டாமல் அசைந்தாலோ, வேறு காரணம் தேடத் தேவையில்லை. சுரண்டி, அரத்தால் மட்டப்படுத்தினால் பாதிக் குறை போய்விடும். கடைசியாக அடிப்பாகம்: உருக்கு அடிமட்டத்தின் விளிம்பை அதன்மேல் நிறுத்திப் பின்னால் கைபேசியின் வெளிச்சத்தைப் பிடியுங்கள். முன்நுனி, அலகின் வாய்க்குச் சற்று முன்னால், பின்நுனி ஆகிய மூன்று இடங்களும் ஒரே கோட்டில் தொட்டால் போதும். இடையில் ஒரு தாளளவு வெளிச்சம் தெரிந்தால் கவலையில்லை. வாய்க்கு முன்னால் குழிந்திருந்தால்தான் தொல்லை. வார்ப்பு இரும்பை வார்த்து ஆறியவுடனே அரைத்து முடித்தால், உள்ளே தங்கிய இறுக்கம் பின்னர் மெல்ல மெல்ல அதை வளைக்கும். அந்தக் காலத்தில் வார்ப்புகளை மாதக்கணக்கில் கிடக்க விட்டு, பிறகுதான் அரைத்தார்கள். இப்போது நல்ல தொழிற்சாலைகள் அதை உலையில் சூடேற்றிச் செய்கின்றன, மலிவானவை செய்வதில்லை. சிறிய குழிவென்றால், தடித்த கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, அலகைச் சற்று உள்ளிழுத்துப் பூட்டியபடியே தேய்த்துச் சரிப்படுத்தலாம்.

கேள்வி: தருமபுரத்தில் புதிதாகத் தச்சுத்தொழில் பழகுகிறேன். பெட்டியில் "குரோம் வனேடியம்" என்று எழுதியிருக்கும் உளிகளை வாங்கினால் போதுமா?

பதில்: போதாது, தம்பி. குரோம் வனேடியம் என்பது உருக்கில் கலந்த உலோகங்களின் பெயர். ஸ்பானரிலும் திருப்புளியிலும் அதே சொல் இருக்கும். ஆனால் திருப்புளிக்கு வேண்டிய பதம் வேறு, உளிக்கு வேண்டிய பதம் வேறு. அரிசி நல்லது என்று சாக்கில் எழுதியிருப்பதால் சோறு பதமாக வெந்துவிட்டது என்று ஆகாது. உளியின் வாய்க்கு ரொக்வெல் அளவில் 58 முதல் 62 வரை கடினம் இருக்கவேண்டும். அந்த எண்ணைப் பெட்டியில் போடத் துணியும் நிறுவனம், வெறும் உலோகப் பெயரைப் போடும் நிறுவனத்தைவிட ஒரு படி நம்பத்தக்கது.

கடைக்காரர் அனுமதித்தால் ஒரு சிறிய புதிய அரத்தைக் கொண்டுபோய், உளியின் முதுகில், வாயிலிருந்து விரலளவு மேலே, மெதுவாக ஓர் இழுப்பு இழுத்துப் பாருங்கள். பதமான உளியில் அரம் வழுக்கிக்கொண்டு போகும்; பதமில்லாததில் கடித்துப் பிடிக்கும். கடைக்காரர் அனுமதிக்காவிட்டால் ஒரேயொரு உளியை மாத்திரம் வாங்கி வந்து, நன்கு தீட்டி, வேப்பங்கட்டையில் அல்ல, பாலைக் கட்டையில் நாருக்குக் குறுக்காக வெட்டிப் பார்த்த பின்னர் மிச்சத்தை வாங்குங்கள். நீரில் போட்டால் தாழ்ந்துபோகும் பாலை மரம், எந்த விளம்பரத்துக்கும் ஏமாறாது.

சென்ற வருடம் நானே மரப்பெட்டியில் அடுக்கிய நான்கு சீன உளிகள் வாங்கி, பக்கத்துப் பட்டறையிலுள்ள பெரியவரிடம் கொடுத்தேன். ஒரு அங்குல உளியை அவர் பாலையில் பத்துத் தட்டுத் தட்டிவிட்டு, வாயை நகத்தின் மேல் வைத்து இழுத்துக் காட்டினார்; ஓரம் ஒரு பக்கமாக மடிந்து நகத்தில் தட்டியது. எறிந்துவிடலாம் என்றேன். அவர் எறியவில்லை. சாணையில் வைத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீர் வாளியில் தோய்த்துத் தோய்த்து, மூன்று மில்லிமீற்றர் அளவு தேய்த்து எடுத்தார்; பிறகு 25 பாகையில் இருந்த வாயை 30 பாகைக்குச் சற்று மேலே நிறுத்தித் தீட்டினார். இரண்டாம் முறை அதே பாலையில் அதே உளி முடி சிரைக்கும் கூரோடு நின்றது. தொழிற்சாலையில் அரைக்கும்போது மெல்லிய நுனிதான் அதிகம் சுடும். உலையில் கரிமத்தை முதலில் இழப்பதும் அந்த நுனிதான். அதைத் தாண்டி உள்ளே போனால் நல்ல உருக்குக் கிடைக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியின் கால் அங்குல உளி எவ்வளவு தேய்த்தும் மடிந்துகொண்டே இருந்தது. அது இப்போது பெயின்ற் பேணி திறக்கப் பயன்படுகிறது.

வாய் மடிந்தால் பதம் குறைவு. பொடிந்தால் பதம் மிஞ்சிவிட்டது, அல்லது நீங்கள் அளவுக்கு மீறி மெல்லியதாகத் தீட்டியிருக்கிறீர்கள். சாணை பிடிக்கையில் வாய் நீலம் பூத்தால் அந்த இடத்தின் பதம் போய்விட்டது என்று பொருள். அதற்குச் சீன உளியைக் குற்றம் சொல்ல முடியாது. உங்கள் ஊரில் லொறி வில்லுத்தகட்டில் உளி அடித்துத் தரும் கொல்லர் இருப்பாரானால், அவரிடமும் ஒன்று அடித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அழகு குறைவாக இருக்கும். ஆனால் பதம் கொடுத்தவரை நேரில் கேள்வி கேட்கலாம்.

கேள்வி: மல்லாவியில் கம்பியில்லாத டிறில் ஒன்று பார்த்தேன். அதன் பற்றறியில் 128 என்று பெரிதாக எழுதியிருக்கிறது. அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள இன்னொன்றில் 18 வோல்ற் என்றுதான் இருக்கிறது. எண் கூடியதுதானே பலம் கூடியது?

பதில்: அப்படியில்லை. மலிவான சீனப் பற்றறிகளில் 48, 88, 128 என்ற எண்களுக்குப் பக்கத்தில் "விஎஃப்" போன்ற எழுத்துகள் இருப்பதைக் கவனியுங்கள். அவை வோல்ற் அளவு அல்ல, வியாபாரத்துக்காக வைத்த மாதிரிப் பெயர்கள். உள்ளே பெரும்பாலும் ஐந்து லித்தியம் கலங்கள் தொடராக இருக்கும். ஒரு கலம் சாதாரணமாக 3.6 வோல்ற், ஐந்து சேர்ந்தால் 18. முழுதாக ஏற்றியவுடன் ஒரு கலம் 4.2 வோல்ற், ஐந்து சேர்ந்தால் 21. ஆகவே 18 என்பதும் 21 என்பதும், மேலே ஒட்டிய 128 என்பதும் ஒரே ஐந்து கலங்களாக இருக்கலாம். பின்பக்கச் சிறிய தகட்டில் உண்மையான வோல்ற் அளவு அச்சிட்டிருக்கும், அதை வாசியுங்கள். தகடே இல்லாவிட்டால் கருவியை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள்.

கம்பியுள்ள கிரைண்டர், மின்சீவுளி முதலியவற்றில் பாரத்தைக் கைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள். செப்புக் கம்பிக்குப் பதிலாக அலுமினியக் கம்பி சுற்றிய மோட்டர் பாரம் குறைவாக இருக்கும். அலுமினியத்தின் மின்கடத்தல் செம்பினதில் ஏறத்தாழ 61 சதவீதம் மட்டுமே. அதே இடத்தில் அதே வேலையைச் செய்யும்போது அது கூடுதலாகச் சுடும். இடையிடையே ஒரு துளை போடுபவருக்கு அது போதும். நாள்முழுவதும் கதவு நிலை இழைப்பவருக்கு இரண்டாம் மாதமே வார்னிஷ் கருகிய வாடை வரும். வாங்குமுன், மோட்டரின் கரித்துண்டுகள் தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். இருநூறு ரூபாச் சாமான் ஒன்று கிடைக்காமல் முழுக் கருவியும் மூலையில் கிடப்பதைப் பல பட்டறைகளில் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறேன். வாங்கி ஒன்றரை மாதத்தில் மின்வாள் நின்றுவிட்டது. ஆறு மாத உத்தரவாதம் என்று கடைக்காரர் வாயால் சொன்னார். இப்போது "சீனச் சாமான் அப்படித்தான்" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: எந்த நாட்டுப் பொருளென்றாலும் கொடுத்த உத்தரவாதம் உத்தரவாதமே. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றி அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம். ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் முறையிடவேண்டும். ஆறு மாத உத்தரவாதம் இருக்கிறதே என்று காத்திருந்தால் அந்தத் தவணை கடந்துவிடும். உங்களுக்கு இன்னும் ஆறு வாரங்கள்தான் இருக்கின்றன. அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழியைக் கேட்டுக்கொள்ளலாம். முறைப்பாட்டை மட்டும் எழுத்தில் கொடுங்கள். பற்றுச்சீட்டில் கருவியின் மாதிரி இலக்கம் எழுதப்பட்டிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். "சாமான் 1" என்று மாத்திரம் இருந்தால் கடைக்காரரிடம் திருத்தி எழுதித் தரும்படி கேளுங்கள். பெட்டியை எரித்துவிட வேண்டாம். அதன் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய தாளில் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருந்தால், கடைக்காரர் கைவிரித்தாலும் கடிதத்தின் ஒரு பிரதியை அங்கும் அனுப்பலாம்.