சனிக்கிழமைப் பந்தயத்தில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்கள்

கேள்வி: அமெரிக்காவில் சார்லட் நகரில் வசிக்கிறேன். என் மகனுக்கு நாஸ்கார் கார்ப் பந்தயம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை நடக்கும் முதல் நிலைத் தொடரான கப் பந்தயத்தின் நுழைவுச்சீட்டு எங்களுக்குக் கட்டுப்படியாகாததால், சனிக்கிழமை நடக்கும் இரண்டாம் நிலைத் தொடருக்கு அவனை அழைத்துச் செல்கிறேன். அங்கேயும் கப் ஓட்டுநர் ஒருவர் வந்து, இளைஞர்களைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கோப்பையைக் கொண்டுபோய்விடுகிறார். பிளஸ் டூ மாணவன் எட்டாம் வகுப்பில் உட்கார்ந்து பரீட்சை எழுதி முதல் மதிப்பெண் வாங்குவதைப் போன்றதல்லவா இது? இவர்களை அடியோடு தடை செய்துவிட்டால் என்ன?

பதில்: உங்கள் மகனின் ஏமாற்றம் நியாயமானது, உங்கள் உவமைதான் பொருந்தவில்லை. எட்டாம் வகுப்பில் இருப்பவர்கள் ஆண்டு முடிந்ததும் ஒன்பதாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள். சனிக்கிழமைத் தொடரிலோ அங்கேயே வாழ்ந்து, அங்கேயே சம்பாதித்து, அங்கேயே பெயர் வாங்குகிறவர்கள் உண்டு. ஜஸ்டின் ஆல்கையரை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-ஆம் ஆண்டுப் புள்ளிப் பட்டியலில் அவர் நான்காவது. அவருக்கு மேலே இருந்த பிராட் கெசலோவ்ஸ்கி, கார்ல் எட்வர்ட்ஸ், கைல் புஷ் மூவருமே கப் தொடரில் முழுநேரமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். அதாவது, சனிக்கிழமையை மட்டுமே நம்பியிருந்தவர்களில் அவர்தான் முதலிடம், ஆனால் அதற்குக் கோப்பை கிடையாது. பிறகு அவர் கப் தொடருக்குப் போனார், நிலைக்க முடியவில்லை, திரும்பி வந்தார், 2024-இல் 38 வயதில்தான் அந்தத் தொடரின் சாம்பியன் ஆனார். இவரை எட்டாம் வகுப்பு மாணவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்தத் தொடரை இளைஞர்களை வளர்க்கும் வெறும் ‘நாற்றங்கால்’ என்று அழைக்கும்போதே பாதி வழக்கு தவறாகப் பதிவாகிவிடுகிறது.

அடுத்து, கப் ஓட்டுநர்கள் இப்படி இறங்கிவருவது அண்மையில் முளைத்த வழக்கம் என்றும் நீங்கள் நினைக்கலாம். இந்தத் தொடர் இன்றைய வடிவில் 1982-இல் டேடோனாவில் தொடங்கியபோது, அதன் முதல் பந்தயத்தையே வென்றவர் டேல் எர்ன்ஹார்ட். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே அவர் கப் சாம்பியன். தொடரின் பெயர் ஸ்பான்சருக்கு ஏற்ப மாறிக்கொண்டே வந்திருக்கிறது: முதலில் பியர் கம்பெனி, பிறகு காப்பீட்டு நிறுவனம், பிறகு கேபிள் சேவை, 2026 முதல் கார் உதிரிபாகக் கடை. ‘புஷ்’ என்ற பியரின் பெயரைத் தாங்கியிருந்த காலத்தில், மேலிருந்து இறங்கிவந்து பரிசைத் தட்டிச் செல்பவர்களுக்கு ‘புஷ்வாக்கர்’ (பதுங்கியிருந்து தாக்குபவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை வைத்துச் சிலேடை) என்று ரசிகர்கள் பட்டம் கட்டினார்கள். (பின்னாளில் இதில் எல்லாரையும் மிஞ்சியவரின் குடும்பப் பெயரும் புஷ் என்பது தற்செயல், அந்த பியருக்கும் அவருக்கும் உறவில்லை.)

வழக்கம் பழையது என்பதால் அது தொல்லை ஆகவில்லை என்று நான் சொல்லவில்லை. எப்போதாவது வந்துபோகும் விருந்தாளியை யாரும் வெறுப்பதில்லை. 2006 முதல் 2010 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து, ஹார்விக், எட்வர்ட்ஸ், போயர், கைல் புஷ், கெசலோவ்ஸ்கி என்று, கப் ஓட்டுநர்களே இந்தத் தொடரின் சாம்பியன் பட்டத்தையும் எடுத்துச் சென்றபோது விருந்தாளி வீட்டுக்காரர் ஆகிவிட்டார். 2010-இல் கைல் புஷ் ஒருவரே 13 பந்தயங்களை வென்றார். பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு விழித்துக்கொண்டு, 2011 முதல் ஓர் ஓட்டுநர் ஒரு தொடரில் மட்டுமே சாம்பியன் பட்டத்துக்கான புள்ளிகளைப் பெறலாம் என்று விதித்தது. ஆனால் பந்தயங்களை வெல்வதை அது தடுக்கவில்லை. அதன் விளைவை 2013-இல் பார்த்தோம்: ஆஸ்டின் டில்லன் ஒரு பந்தயத்தைக்கூட வெல்லாமலே அந்த ஆண்டின் சாம்பியன் ஆனார், புள்ளிக் கணக்கில் இல்லாத கைல் புஷ் 12 பந்தயங்களை வென்றிருந்தார். பட்டம் ஒருவருக்கு, வெற்றி இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்கும் விளையாட்டை எந்தச் சிறுவனுக்கு விளக்க முடியும்?

2017 முதல்தான் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது. கப் தொடரில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் முழுநேர அனுபவம் உள்ளவர்களுக்குச் சனிக்கிழமையில் 10 பந்தயங்கள் என்று தொடங்கி, 2018-இல் ஏழாகவும், 2020-இல் ஐந்தாகவும் குறைத்தார்கள். பட்டத்தைத் தீர்மானிக்கும் கடைசிக் கட்டப் பந்தயங்களில் அவர்கள் தலைகாட்டவே கூடாது என்றும் ஆக்கினார்கள். இந்த வரம்பை நான் முழுமனதாக ஏற்கிறேன். அதற்குப் பிறகும் கைல் புஷ் இந்தத் தொடரில் தமது மொத்த வெற்றிகளை 102 வரை கொண்டுசென்றார் என்றால், அது அவருடைய திறமை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உங்கள் கேள்வி தொடாமல் விட்ட இடம் இதுதான்.

கிரிக்கெட்டில் நம் புகார் நேர்மாறானது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்திய அணியின் நட்சத்திரங்கள் ரஞ்சிக் கோப்பைக்கு வருவதில்லை என்றுதான் குறைபட்டுக்கொள்கிறோம். 2025 ஜனவரி இறுதியில் விராட் கோலி பல ஆண்டுகள் கழித்து டெல்லி அணிக்காக ரஞ்சி ஆட வந்தபோது, மைதானத்தில் கூட்டம் முட்டி மோதியது. ரயில்வே அணியின் ஹிமான்ஷு சாங்வான் அவரை 6 ஓட்டங்களில் ஸ்டம்பைப் பறக்கவிட்டு வெளியே அனுப்பினார். கோலி கொண்டுவந்தது ஒரு மட்டையை மட்டுமே. ஆடுகளமும் பந்தும் இருவருக்கும் பொது. நாஸ்கார் போன்ற ஸ்டாக் கார் பந்தயத்தில் நட்சத்திரம் அப்படித் தனியாக வருவதில்லை. கப் தொடரில் அணி நடத்தும் பெரும் நிறுவனத்தின் கார், அதன் இன்ஜின் பிரிவு, அதன் பொறியாளர்கள், ஞாயிற்றுக்கிழமை டயர் மாற்றும் அதே பிட் குழு ஆகிய அனைத்தும் அவரோடு வருகின்றன. பக்கத்தில் நிற்கும் சிறிய அணியோ, போன வாரம் சுவரில் மோதிய காரைத் தட்டி நிமிர்த்திக் கொண்டுவந்திருக்கும்.

இதற்கு 2018-ஐ விடச் சிறந்த சாட்சி எனக்குத் தெரியவில்லை. புளோரிடாவில் தர்பூசணி பயிரிடும் குடும்பத்தைச் சேர்ந்த ராஸ் சாஸ்டைன், ஜானி டேவிஸின் சிறிய அணிக்காகப் பல ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்தார். நடுவரிசையில் முடித்தாலே நல்ல நாள் என்று சொல்லத்தக்க கார் அது. அந்த ஆண்டு, கப் தொடரிலும் அணி நடத்திய சிப் கனாசியின் 42-ஆம் எண் காரை, கப் ஓட்டுநர் கைல் லார்சனும் சிலமுறை ஓட்டிய அதே காரை, மூன்று பந்தயங்களுக்கு மட்டும் அவரிடம் கொடுத்தார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் டார்லிங்டனில் அவர் முதலிடத்திலிருந்து புறப்பட்டு, முன்னணியில் நெடுநேரம் ஓட்டி, முதலிடத்துக்கான போராட்டத்தில் முன்னாள் கப் சாம்பியன் கெவின் ஹார்விக்கோடு மோதி இருவர் வாய்ப்பையும் கெடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்து லாஸ் வேகாஸில் வென்றே விட்டார். அந்தக் காரில் ஏறுவதற்கு முன் அவருக்குப் புதிதாக ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் யாரும் இல்லை. மாறியது கார் மட்டுமே.

ஆனால் அதே நிகழ்ச்சி தடை கேட்பவர்களுக்கும் சங்கடமான ஒன்றைச் சொல்கிறது. டார்லிங்டனில் அன்று ஹார்விக் இல்லாமல் இருந்திருந்தால் சாஸ்டைன் ஒருவேளை அமைதியாக வென்றிருப்பார், ஆனால் அவர் யாருக்கு ஈடுகொடுக்கக் கூடியவர் என்பது அவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்காது. முன்னே போகும் காரால் குலைந்த காற்றில் காரை நிலைநிறுத்துவது, டயரைத் தேய்த்துவிடாமல் கடைசி 20 சுற்றுகளுக்கு மிச்சம் வைப்பது, விபத்தின்போது வேகத்தைக் குறைக்கக் காட்டும் மஞ்சள் கொடிக்குப் பின் வரிசை மீண்டும் புறப்படும்போது எந்தத் தடத்தைப் பிடிப்பது ஆகியவற்றை, தெரிந்தவரின் பின்னால் ஓட்டித்தான் கற்க வேண்டியிருக்கிறது. 2022-இல் சாஸ்டைன் கப் தொடரில் ஒட்டுமொத்தமாக இரண்டாம் இடம் பிடித்தார் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

பண விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரம் ஐந்து முறை ஓட்டினால் ஸ்பான்சர் வருவார், அந்தப் பணத்தில் மற்ற வாரங்களில் இளைஞர் ஓட்டுவார் என்று அணி முதலாளிகள் சொல்வது பொய்யல்ல. அதே 42-ஆம் எண் காரை 2019-இல் ஆண்டு முழுவதும் சாஸ்டைன் ஓட்டுவார் என்று அறிவித்திருந்தார்கள். ஸ்பான்சர் நிறுவனத்தில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. சோதனை நடத்தியதும் பணம் நின்றது, அந்தச் சனிக்கிழமை அணியையே இழுத்து மூடிவிட்டார்கள். வென்ற ஓட்டுநர் வெறுங்கையோடு நின்றார். ஆனால் இந்த வாதத்தைச் சொல்பவர்கள் எல்லாரும் பெரிய முதலாளிகள் என்பதையும் நான் கவனிக்கத் தவறவில்லை. அவர்கள் சொல்லும் பணம் அவர்கள் பட்டறையை விட்டு வெளியே போவதேயில்லை.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில்: தடை வேண்டாம், வரம்பு வேண்டும், அதோடு இன்னொரு நிபந்தனையும் வேண்டும். கப் ஓட்டுநர் சனிக்கிழமை ஓட்ட விரும்பினால், கப் தொடரில் அணி நடத்தாத முதலாளியின் காரில் மட்டும் ஓட்டட்டும். அவர் பெயரால் வரும் ஸ்பான்சர் பணமும், காரைப் பற்றி அவர் பொறியாளரிடம் சொல்லும் நுணுக்கங்களும் சிறிய அணியின் பட்டறையில் தங்கும்; அவர் 12-ஆம் இடத்தில் முடித்தால் அதுவும் ரசிகர்களுக்கு ஒரு பாடம். பெரிய முதலாளிகள் பினாமி பெயரில் அணி தொடங்கி விதியைச் சுற்றிக்கொண்டு போவார்கள் என்று நீங்கள் சொல்லலாம். போவார்கள்தான்; இன்ஜினை யார் கொடுக்கிறார், பிட் குழுவுக்குச் சம்பளம் யார் தருகிறார் என்று கேட்கும் துணிச்சல் நாஸ்காருக்கு வேண்டும்.

அதுவரை உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். அடுத்த முறை கப் ஓட்டுநர் வென்றால், அவர் பெயரை விட்டுவிட்டுக் காரின் எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அதே எண்ணில் வேறொரு இளைஞர் உட்கார்ந்திருப்பார்; அவர் எத்தனையாம் இடத்தில் முடிக்கிறார் என்று பார்த்து எனக்கும் எழுதட்டும்.