டெக்சாஸில் சின்ன ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: வீடு வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

கேள்வி: டாலஸுக்கு வடக்கே, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஊரில் வீடு பார்த்திருக்கிறோம். அந்த ஐ.எஸ்.டி.யில் (இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி அமைப்பு) மொத்தமே 2,400 பிள்ளைகள், ஒரே ஒரு ஹைஸ்கூல். மாநிலம் தந்திருக்கும் கிரேடு ‘பி’. பக்கத்துப் பெரிய டிஸ்ட்ரிக்ட்டுக்கு ‘ஏ’. ஆனால் வரி விகிதம் இங்கேதான் அதிகம். மகள் நாலாம் வகுப்பு, மகனுக்கு 3 வயது. ஹெச்-1பி விசாவில் இருப்பதால் எங்களுக்கு ஓட்டு இல்லை. இந்தப் பள்ளிகளை யார் நடத்துகிறார்கள்? நாங்கள் கட்டப்போகும் வரி எங்கே போகிறது? அந்த கிரேடை எவ்வளவு நம்பலாம்?

பதில்: கிரேடைப் பார்ப்பதற்கு முன் இரண்டு எண்களைத் தேடிப் பாருங்கள். வரி விகிதத்தில் கடனுக்குப் போகும் பகுதி ஒன்று. பிள்ளைகளின் வருகை சதவீதம் இன்னொன்று. சின்ன டிஸ்ட்ரிக்ட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது இவற்றில்தான் தெரியும்.

முதலில் நிர்வாகம். ஐ.எஸ்.டி. என்பது தனி அரசாங்கம் மாதிரி. ஊர் மேயருக்கும் கவுண்டிக்கும் அதன் மேல் அதிகாரம் இல்லை. அதை நடத்துவது மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ட்ரஸ்டிகளின் போர்டு. பெரும்பாலான டிஸ்ட்ரிக்ட்டுகளில் 7 ட்ரஸ்டிகள், 3 அல்லது 4 ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. பட்ஜெட்டை ஏற்பது, வரி விகிதத்தை நிர்ணயிப்பது, கொள்கை வகுப்பது, தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட்டை வேலைக்கு வைப்பது, நீக்குவது ஆகியவை அவர்கள் வேலை. அன்றாட நடப்பு முழுவதும் சூப்பரின்டெண்டென்ட் கையில். எந்த வகுப்பில் என்ன கற்பிக்க வேண்டும் என்ற பாடத்திட்டத்தை மாநிலக் கல்வி வாரியம் வகுக்கிறது. ஒரே பள்ளி தொடர்ந்து 5 ஆண்டுகள் தோல்வி நிலையில் இருந்தால் மாநிலக் கல்வி ஆணையர் அந்தப் பள்ளியை மூட வேண்டும், இல்லையென்றால் போர்டுக்குப் பதில் தன் ஆட்களை நியமிக்க வேண்டும். 2023இல் ஹூஸ்டன் டிஸ்ட்ரிக்ட்டின் நிர்வாகம் அப்படித்தான் மாநிலத்தின் கைக்குப் போனது.

அதனால் ஒரு ஆசிரியரைப் பற்றியோ பஸ்ஸைப் பற்றியோ குறை இருந்தால் ட்ரஸ்டியிடம் நேரே போகாதீர்கள். நல்லவராக இருந்தாலும் அவர் உங்களைத் திருப்பித்தான் அனுப்புவார். முறையீடு கடைசியில் போர்டு முன் வரும்போது தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் அவரே. முதலில் பிரின்சிபல், பிறகு சூப்பரின்டெண்டென்ட் அலுவலகம், மூன்றாவதாகத்தான் போர்டு. ஒவ்வொரு படிக்கும் நாள் கெடு உண்டு. டிஸ்ட்ரிக்ட்டின் கொள்கைத் தொகுப்பில் ‘எஃப்.என்.ஜி. லோக்கல்’ என்ற பகுதியில் அது இருக்கும். வாய்மொழியாகப் பேசிக்கொண்டே கெடுவைத் தவறவிடுவதுதான் நம் பெற்றோர் செய்யும் பெரிய பிழை. பிரின்சிபலோடு எவ்வளவு சுமுகமாகப் போனாலும் எழுத்தில் ஒன்றைக் கொடுத்து வையுங்கள்.

இனி பணம். ரசீதில் ஒரே எண்ணாகத் தெரியும் பள்ளி வரி, உண்மையில் இரண்டு வரிகளின் கூட்டல். சம்பளம், மின்சாரம், பஸ் டீசல் போன்ற நடப்புச் செலவுக்கானது ‘எம் அண்ட் ஓ’. கட்டடக் கடனை அடைப்பது ‘ஐ அண்ட் எஸ்’. 420,000 டாலர் மதிப்புள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் நீங்களே குடியிருந்தால் பள்ளி வரிக்கு 140,000 டாலர் ஹோம்ஸ்டெட் விலக்கு. 2025 நவம்பரில் வாக்காளர்கள் அதை 100,000இலிருந்து உயர்த்தினார்கள். மீதி 280,000. நூறு டாலருக்கு 67 சென்ட் நடப்புச் செலவுக்கு, 50 சென்ட் கடனுக்கு என்று வைத்தால், முதலாவது 1,876 டாலர், இரண்டாவது 1,400 டாலர், ஆக மொத்தம் 3,276. விலக்குக்கு விசா தடையில்லை. விண்ணப்பிக்க வேண்டியது நீங்கள்தான். டிரைவிங் லைசன்ஸில் இருக்கும் முகவரியும் வீட்டு முகவரியும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய அபார்ட்மென்ட் முகவரியோடு விண்ணப்பித்துத் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் ஏராளம்.

புது வீடு என்றால் இன்னொரு பொறி உண்டு. ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துத்தான் வரி மதிப்பு போடுவார்கள். அன்று வெறும் மனையாகவோ பாதிக் கட்டடமாகவோ இருந்திருந்தால் முதல் ஆண்டு ரசீது சிறியதாக வரும். லோன் கம்பெனி அதை வைத்து எஸ்க்ரோ (வரி கட்ட மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி வைக்கும் பணம்) பிடிக்கும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரி வரும்போது மாதத் தவணை சட்டென்று ஏறும். முழு மதிப்புக்கான வரியை இப்போதே கணக்குப் போட்டு வையுங்கள்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் இதற்கு அடுத்து வருகிறது. ஊரில் வீட்டு மதிப்பு ஏறினால் பள்ளிக்குப் பணம் கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்புச் செலவைப் பொறுத்தவரை பெரும்பாலும் கூடாது. டிஸ்ட்ரிக்ட்டுக்கு எவ்வளவு உரிமை என்பதை மாநிலம் ஒரு சூத்திரத்தால் முடிவு செய்கிறது. அதன் அடி எண் ஒரு பிள்ளைக்கு 6,215 டாலர். 2019 முதல் 6,160 என்று நின்றிருந்ததை 2025 சட்டம் 55 டாலர் மட்டும் ஏற்றியது. சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, தொழிற்கல்வி ஆகியவற்றுக்குத் தனி எடை சேரும். 1,600 பிள்ளைகளுக்குக் கீழ் இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்குக் கூடுதல் தொகை. 5,000க்குக் கீழ் என்றால் அதைவிடச் சிறிய கூடுதல். இந்த மொத்த உரிமையில் உள்ளூர் வரி எவ்வளவு தருகிறதோ அதைக் கழித்து மீதியை மாநிலம் தரும். உள்ளூர் வரி கூடினால் மாநிலப் பங்கு குறையும். உரிமையையும் தாண்டினால் மிகுதியை மாநிலத்திடம் கட்ட வேண்டும். ‘ராபின் ஹூட்’ என்று ஊரார் சொல்லும் இந்த ஏற்பாடு 1993இலிருந்து நடப்பில் இருக்கிறது.

ஆக, நடப்புச் செலவுக்கு வரும் பணத்தைப் பெரிதும் தீர்மானிப்பது பிள்ளைகளின் தலைக்கணக்கு. அதிலும் பதிவேட்டில் பெயர் இருந்தால் போதாது, பிள்ளை வந்திருக்க வேண்டும். 2,400 பேரில் சராசரி 95 சதவீதம் வந்தால் 2,280 பேருக்குப் பணம். 93 சதவீதமாக இறங்கினால் 2,232. குறையும் 48 பேருக்கு அடி எண்ணை மட்டும் போட்டாலே 298,320 டாலர், நாலு ஆசிரியர்களின் சம்பளத்துக்கு மேல். பஸ்ஸும் ஓடும், ஏசியும் ஓடும், செலவு ஒன்றும் குறையாது. பெரிய டிஸ்ட்ரிக்ட் இதைத் தாங்கிக்கொள்ளும். சின்ன இடத்தில் ஒரு ஆசிரியர் போனால் இசையோ இயற்பியலோ ஒரு பாடமே போய்விடும்.

தீபாவளிக்கு லீவு எடுக்கத் தயங்க வேண்டாம். மத விழாவுக்கான விடுப்பு என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் சட்டப்படி பிள்ளை வந்ததாகவே கணக்கு, பள்ளிக்கும் நட்டமில்லை. ‘காய்ச்சல்’ என்று எழுதினால்தான் இருவருக்கும் நட்டம். டாக்டரிடம் போகும் நாளில் பகுதி நேரமாவது பள்ளிக்கு அனுப்பி, டாக்டரின் சீட்டைக் கொடுங்கள், அதுவும் வருகைதான். ஊருக்குப் போவதில் மட்டும் கவனம் தேவை. 90 சதவீத நாட்கள் வந்திருக்க வேண்டும் என்பது சட்டம். 170 நாள் பள்ளி என்றால் 17 நாள்தான் இடம். அதைத் தாண்டினால் மேல் வகுப்புக்கு அனுப்பலாமா என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்க்கும்.

கடன் வரிக்கு வருவோம். புதுக் குடியிருப்புகள் வரும் ஊரில் பிள்ளைகள் வந்து சேரும் முன்பே பள்ளி கட்டியாக வேண்டும். கட்டக் கடன் வாங்க வேண்டும். அடைக்க இருக்கும் வீடுகளோ கொஞ்சம். அதனால்தான் இங்கே விகிதம் அதிகம். புதுக் கடன் பத்திரம் (பாண்ட்) வெளியிடும்போது எல்லாக் கடனையும் 50 சென்ட் வரிக்குள் அடைக்க முடியும் என்று டிஸ்ட்ரிக்ட் காட்ட வேண்டும். இப்போதே 50ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் டிஸ்ட்ரிக்ட்டில் புது வீடுகள் வருவது தடைப்பட்டால் அடுத்த பள்ளியைக் கட்ட வழியிருக்காது. போர்ட்டபிள் எனும் தற்காலிக வகுப்பறைகள் முளைக்கும். எவ்வளவு அசல் பாக்கி, எந்த ஆண்டு முடிகிறது, கடைசி இரண்டு பாண்ட் தேர்தல்களில் மக்கள் என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். மாநில பாண்ட் ரிவ்யூ போர்டு ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டின் கடனையும் வெளியிடுகிறது. பாண்ட் பணத்தில் சம்பளம் தர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ‘ஸ்டேடியம் கட்டுகிறார்கள், டீச்சருக்குச் சம்பளம் இல்லையாம்’ என்ற பேச்சு எல்லா ஊரிலும் கேட்கும். ஒரு பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சட்டம் விடாது. சம்பளத்துக்கு ‘எம் அண்ட் ஓ’ விகிதத்தை ஏற்ற வேண்டும். அதற்கும் ஒரு எல்லைக்கு மேல் வாக்கெடுப்பு வேண்டும்.

சம்பளத்தில் சின்ன டிஸ்ட்ரிக்ட்டுகளுக்கு இப்போது ஒரு அனுகூலம் உண்டு. 2025 சட்டப்படி, 5,000 பிள்ளைகளுக்கு மிகாத டிஸ்ட்ரிக்ட்டில் 3, 4 ஆண்டு அனுபவமுள்ள ஆசிரியருக்கு ஆண்டுக்கு 4,000 டாலர், 5 ஆண்டும் அதற்கு மேலும் உள்ளவருக்கு 8,000 டாலர் கூடுதலாக மாநிலம் தருகிறது. பெரிய டிஸ்ட்ரிக்ட்டுகளில் இது 2,500, 5,000தான். நல்ல ஆசிரியர்கள் இரண்டு ஆண்டில் பக்கத்து ஊருக்கு ஓடுவது சின்ன இடங்களின் பழைய வியாதி. அது குறைகிறதா என்று ஆசிரியர்களின் விலகல் விகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ‘டி.ஏ.பி.ஆர்.’ என்ற மாநில ஆண்டறிக்கையில் அது இருக்கிறது. என்னைக் கேட்டால், கிரேடைவிட அதிகம் சொல்லும் எண் அது.

இப்போது அந்த ‘பி’. மூன்று பிரிவுகளில் மதிப்பெண். மாணவர் அடைவு, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அதற்கு 70 சதவீத எடை. பின்தங்கிய பிரிவினரின் இடைவெளியை எவ்வளவு குறைத்தார்கள் என்பதற்கு 30. தொடக்கப் பள்ளியின் அடைவு முழுக்க மாநிலம் வைக்கும் ‘ஸ்டார்’ தேர்வுதான். ஹைஸ்கூலில் தேர்வுக்கு 40, கல்லூரிக்கும் வேலைக்கும் தயாரானோர் சதவீதத்துக்கு 40, பட்டம் பெறுவோருக்கு 20. இந்த நடுப் பகுதியில் ‘ஏ’ வாங்க முன்பு 60 சதவீதம் போதும். 2023 மதிப்பீட்டில் 88 ஆக்கினார்கள். அப்போது இறங்கிய பல பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பு இறங்கவில்லை, அளவுகோல்தான் மாறியது. 2022 கிரேடையும் 2025 கிரேடையும் பக்கத்தில் வைத்துப் பேசுவோரை நம்பாதீர்கள். 2027-28 முதல் ‘ஸ்டார்’ போய், ஆண்டுக்கு மூன்று சிறு தேர்வுகள் வருகின்றன. அப்போதும் இதே குழப்பம் நேரும்.

சின்ன பள்ளியில் இன்னொரு சிக்கல் எண்ணிக்கை. ஒரு வகுப்பில் 60 பேர் எழுதினால் 3 பிள்ளைகள் தடுமாறியதும் 5 சதவீதம் இறங்கும். ஒரு ஆண்டைப் பார்க்காமல் மூன்று ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். தேர்ச்சிக்கான ‘அப்ரோச்சஸ்’ என்ற வரியைத் தாண்டி ‘மீட்ஸ்’ சதவீதத்தைப் பாருங்கள். வகுப்புக்குரிய தரத்தை எட்டியவர்கள் அதில்தான் வருவார்கள். உங்கள் மகளுக்கு, 4, 5ஆம் வகுப்புக் கணக்கு ‘மீட்ஸ்’ முக்கியம். ஹைஸ்கூலில் கல்லூரி நிலைப் பாடங்களான ஏ.பி. பாடங்கள் எத்தனை உண்மையில் நடக்கின்றன என்று கேளுங்கள். கையேட்டில் 15 இருக்கும், பிள்ளைகள் சேராததால் 6தான் ஓடும். அந்தக் குறையைச் சமூகக் கல்லூரியோடு சேர்ந்த டூயல் கிரெடிட் (பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒருசேரக் கணக்காகும் பாடம்) ஓரளவு நிரப்பும். ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் (யூ.டி. ஆஸ்டின்) தானாக இடம் கிடைக்கும் வரம்பு 2026 சேர்க்கையிலிருந்து முதல் 5 சதவீதம். 160 பேர் கொண்ட வகுப்பில் அது 8 பிள்ளைகள். போட்டி மிகுந்த பெரிய பள்ளியில் 60ஆவது இடத்தில் நிற்கக்கூடிய பெண் இங்கே அந்த எட்டில் வரலாம். உறுதி சொல்ல முடியாது, ஆனாலும் கணக்கில் சேர்க்க வேண்டியது.

ஓட்டில்லாவிட்டாலும் உங்களுக்கு வாய் உண்டு. போர்டு கூட்டத்தின் அஜெண்டா குறைந்தது மூன்று வேலை நாள் முன்பு வெளிவர வேண்டும். அதிலுள்ள பொருள் பற்றிப் பேச, குடியுரிமை எதுவானாலும் உங்களுக்கு வாய்ப்புத் தர வேண்டும். அஜெண்டாவில் இல்லாததைப் பற்றிப் பேசினால் ட்ரஸ்டிகள் வாய் திறக்க மாட்டார்கள். அவர்கள் விவாதிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆவணம் வேண்டுமென்றால் எழுத்தில் கேளுங்கள். ‘ஏன் இப்படிச் செலவு செய்தீர்கள்?’ என்று கேட்டால் பதில் சொல்லக் கடமையில்லை. ‘கடந்த ஆண்டின் தணிக்கை அறிக்கை, பஸ் ஒப்பந்தம்’ என்று இருக்கும் தாளின் பெயரைச் சொல்லிக் கேட்டால் தந்தாக வேண்டும். தணிக்கை அறிக்கையில் சேமிப்பு இருப்பைப் பாருங்கள். மூன்று மாதச் செலவுக்குக் குறையாமல் இருந்தால் நல்லது. ஒவ்வொரு டிஸ்ட்ரிக்ட்டிலும் ஒரு மாணவர் நல ஆலோசனைக் குழு இருக்கிறது. அதில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்யாத பெற்றோராக இருக்க வேண்டும். சின்ன ஊர்களில் அந்த நாற்காலிகளுக்கு ஆள் கிடைக்காமல் தேடுவார்கள்.

கையெழுத்திடும் முன் ஒன்று. டிஸ்ட்ரிக்ட் எல்லையும் ஊர் எல்லையும் ஒன்றல்ல. ஏஜென்ட் சொல்வதை விட்டுவிட்டு, சொத்துக்கு மதிப்புப் போடும் கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட்டின் பதிவில் உங்கள் மனைக்கு எந்த ஐ.எஸ்.டி. வரி விதிக்கிறது என்று பாருங்கள்.

மகன் செப்டம்பர் 1க்குள் 4 வயது ஆகும் ஆண்டில், வீட்டில் தமிழ் மட்டும் பேசி ஆங்கிலம் வராதவனாக இருந்தால், தேர்வு வைத்துப் பார்த்து இலவச ப்ரீ-கே (கிண்டர்கார்டனுக்கு முந்தைய வகுப்பு) தருவார்கள். வருமான வரம்பு தடையில்லை. சேர்க்கையின்போது தரும் வீட்டு மொழிப் படிவத்தில் பயந்துகொண்டு ‘ஆங்கிலம்’ என்று எழுதாதீர்கள், தமிழ் என்றே எழுதுங்கள்.