ராடு கூம்பாகிறதா? பேரிங்கைக் கழற்றும் முன் அளந்து பாருங்கள்

வீட்டு லேத்: வாசகர் கேள்வி, பதில்

கோவை கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தபோது எனக்கு 16 வயது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் லேத்தை (கடைசல் எந்திரத்தை) விட மனமில்லை. வீட்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, ஒரு நாலரை அடி கோன் புல்லி லேத் வைத்திருக்கிறேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் “எந்தப் பாகத்தை வாங்கி மாற்றட்டும்?” என்றுதான் கேட்கின்றன. எதையும் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஈரோட்டில் இருக்கிறேன் ஐயா. பழைய நாலரை அடி லேத் வாங்கி கார் ஷெட்டில் போட்டிருக்கிறேன். டெயில் ஸ்டாக் சென்டர் (ராடின் வலது முனையைத் தாங்கும் கூர்முனை) கொடுத்து 200 மி.மீ. நீளத்துக்கு எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ராடு கடைந்தால், டெயில் ஸ்டாக் பக்கம் 0.08 மி.மீ. தடிமனாக நிற்கிறது. ஸ்பிண்டில் (ராடைச் சுழற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடவா?

பதில்: வேண்டாம். பேரிங்கைத் தொடவே வேண்டாம். பேரிங் ஆடினால் வட்டம் கெடும், ராடு மேல் வரி விழும், டூல் அதிரும். ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சீராகக் கூம்பிப் போனால் அநேகமாக இரண்டில் ஒன்றுதான் காரணம். ஒன்று, டெயில் ஸ்டாக் மையத்தை விட்டு விலகியிருக்கிறது. இல்லை, பெட் (லேத்தின் நீண்ட அடிப்படுகை) முறுக்கிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

எது என்று கண்டுபிடிக்க டெயில் ஸ்டாக்கைப் பின்னால் தள்ளி வையுங்கள். 40 மி.மீ. ராடு ஒன்றை சக்கில் (ராடைக் கவ்விச் சுழலும் பிடி) இறுக்கப் பிடித்து, 150 மி.மீ. வெளியே நீட்டுங்கள். சக் ஓரத்தில் ஒன்று, வெளி முனையில் ஒன்று என விரல் அகலத்துக்கு இரண்டு வளையம் விட்டு, நடுவை ஒரு மி.மீ. தாழ்த்தி எடுத்துவிடுங்கள். பிறகு டூலை நன்றாகச் சாணை பிடித்து, 0.1 மி.மீ. மட்டும் கட் வைத்து, கிராஸ் ஸ்லைடை (டூலை ராடை நோக்கி நகர்த்தும் பகுதி) தொடாமல் இரண்டு வளையத்தையும் ஒரே ஓட்டத்தில் கடையுங்கள். மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். மெல்லிய ராடில் இதைச் செய்தால் வெளி முனை டூலுக்கு வளைந்து கொடுத்துத் தடிமனாகவே வரும். அதைப் பார்த்து லேத்தைச் சந்தேகப்படக் கூடாது. தடித்த ராடு, சின்னக் கட்: இதில் மாற்றம் செய்யாதீர்கள்.

இரண்டு வளையமும் ஒரே அளவு என்றால் ஹெட் ஸ்டாக்கும் (சக் இருக்கும் இடது பக்கத் தலை) பெட்டும் நல்லபடி இருக்கின்றன, குறை டெயில் ஸ்டாக்கில். உங்கள் ராடு டெயில் ஸ்டாக் பக்கம் தடித்திருப்பதால் சென்டர் உங்களை விட்டு அந்தப் பக்கம் போயிருக்கிறது. அதை உங்கள் பக்கம் கொண்டுவர வேண்டும். எவ்வளவு? 0.08-இல் பாதி, 0.04 மி.மீ. விட்டத்தில் தெரியும் வித்தியாசம் டூலின் நகர்வைப் போல இரண்டு மடங்கு என்பதைப் பலர் மறந்துவிட்டு, முழு 0.08-ஐயும் நகர்த்தி, இப்போது அந்த முனை மெலிந்துவிட்டதே என்று குழம்புவார்கள். டெயில் ஸ்டாக்கின் அடிப்பாகத்தில் முன்னும் பின்னும் இரண்டு ஸ்க்ரூ இருக்கும். சென்டர் பக்கத்தில் டயல் கேஜை முட்டவைத்து, ஒன்றைத் தளர்த்தி மற்றதை இறுக்குங்கள். முள் நகர்வதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே செய்யலாம்.

வளையங்கள் வேறு அளவில் வந்தால் பெட் முறுக்கியிருக்கிறது. வார்ப்பு இரும்பு, இத்தனை கனம், இது எப்படி முறுக்கும் என்று தோன்றும். சமமில்லாத தரையில் போல்ட்டை முடுக்கினால் முறுக்கத்தான் செய்யும். வெளி வளையம் தடித்திருந்தால், டெயில் ஸ்டாக் பக்கத்துக் கால்களில் உங்கள் பக்கம் இருக்கும் காலுக்கு அடியில் ஷிம் (மெல்லிய தகடு) கொடுங்கள். மெலிந்திருந்தால் பின்னால் இருக்கும் காலுக்கு. குளிர்பான டின்னை வெட்டினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. தகடு கிடைக்கும், சோதித்துப் பார்க்க அது போதும். நிரந்தரமாக வைக்க எஃகு ஷிம். ஷிம் வைத்து, போல்ட்டை இறுக்கி, மறுபடி கடைந்து, மறுபடி அளக்க வேண்டும். எனக்கு முதல்முறை இது சரியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது. சாயங்காலம் இரண்டு வளையமும் 0.01-க்குள் வந்தபோது மதியம் சாப்பிடாததே நினைவில்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். பெட் முதலில், டெயில் ஸ்டாக் பிறகு. பெட் முறுக்கலோடு டெயில் ஸ்டாக்கைச் சரி செய்தால் 200 மி.மீ. ராடுக்குப் பொருந்துவது 400 மி.மீ. ராடுக்குப் பொருந்தாது. உங்கள் ஷெட் தரை புதிதாகப் போட்டது என்றால் ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள்.

கேள்வி: தஞ்சாவூரில் பாலிடெக்னிக் படிக்கிறேன் சார். அப்பா ஒரு மினி லேத் வாங்கித் தந்தார். கடைவது நன்றாக வருகிறது. ஆனால் 20 மி.மீ. ராடில் பார்ட்டிங் (ராடை வெட்டித் துண்டாக்குவது) போட்டால் வீடே அதிர்கிறது. இரண்டு பிளேடு உடைந்துவிட்டது. மெஷின் தரமில்லாததா?

பதில்: தம்பி, பார்ட்டிங்கில் பிளேடு உடைக்காத டர்னரை நான் பார்த்ததில்லை. மெஷினைத் தள்ளிவிடாதே. அந்தச் சின்ன உடம்புக்கு ஏற்ற மாதிரி வேலை வாங்க வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் டூல் உயரம். அதற்கு ஒரு வழி சொல்கிறேன், எனக்கு என் முதல் மேஸ்திரி காட்டியது. மெஷினை நிறுத்திவிட்டு ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை ராடுக்கும் டூல் முனைக்கும் நடுவில் நிற்க வைத்து, டூலை மெதுவாக முன்னே கொண்டுபோய், ஸ்கேல் கீழே விழாத அளவுக்கு மட்டும் நெருக்கு. இப்போது ஸ்கேலைப் பக்கவாட்டில் பார். நேராக நின்றால் டூல் சென்டரில் இருக்கிறது. ஸ்கேலின் தலை உன் பக்கம் சாய்ந்தால் டூல் தாழ்ந்திருக்கிறது. தலை அந்தப் பக்கம் சாய்ந்தால் டூல் உயர்ந்திருக்கிறது. தாழ்ந்திருந்தால் அடியில் தகடு வை. ஹாக்ஸா பிளேடு துண்டு நல்ல தகடு. அழுத்தி நெருக்கினால் டூல் முனை உதிர்ந்துவிடும், கவனம்.

அடுத்து கிப். கிராஸ் ஸ்லைடின் பக்கத்தில் வரிசையாக மூன்று நான்கு சின்ன ஸ்க்ரூ, அதற்கு லாக் நட் இருக்கிறதா? உள்ளே ஒரு பட்டையான கிப் இருக்கிறது. ஸ்லைடு ஆடாமல் அதுதான் அணைத்துப் பிடிக்கிறது. புது மினி லேத்தில் இவை பெரும்பாலும் சரியாக வைக்கப்பட்டிருப்பதில்லை. எல்லா லாக் நட்டையும் தளர்த்து. ஒரு ஓரத்து ஸ்க்ரூவை ஆலன் கீயால் முட்டும் வரை திருகி, கைப்பிடியைச் சுற்றிப் பார். இறுகினால் ஒரு நூலிழை பின்வாங்கு. அப்புறம் அடுத்த ஸ்க்ரூ. கடைசியில் கைப்பிடி முழு நீளத்துக்கும் ஒரே கனமாக, கெட்டி மாவு பிசைகிற மாதிரி ஓட வேண்டும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சுற்றும். ஆலன் கீயை ஸ்க்ரூவிலேயே பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் நட்டை மட்டும் இறுக்கு. நீ எழுதியிருக்கும் அதிர்ச்சியில் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

மீதிப் பாதிக்கு: சக்குக்கு மிக அருகில் வெட்டு. பிளேடு ராடின் ஆரத்தை விட இரண்டு மி.மீ. மட்டும் அதிகமாக நீண்டிருக்கட்டும். சேடிலையும் (பெட் மேல் ஓடும் வண்டி) கம்பவுண்ட் ஸ்லைடையும் (டூலைத் தாங்கும் மேல் ஸ்லைடு) பூட்டிவிடு. வேகத்துக்குச் சுலபக் கணக்கு இது. ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலில் எம்.எஸ். கடைய 8000-ஐ மில்லிமீட்டர் விட்டத்தால் வகுத்தால் ஆர்.பி.எம். 20 மி.மீ. ராடுக்கு 400. பார்ட்டிங்குக்கு அதில் பாதி, 200. எண்ணெய் விட்டுக்கொண்டே இரு. பயந்து பயந்து கொடுக்காதே. டூல் வெட்டாமல் உரசினால்தான் பாடத் தொடங்கும். சுருள் வந்துகொண்டே இருக்கும்படி ஒரே சீராகக் கொடு.

கேள்வி: தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன். அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவருடைய லேத் பின்கட்டில் பிளாஸ்டிக் தார்பாய் போட்டு மூடியபடி நின்றது. இப்போது நானே கற்றுக்கொள்ளலாம் என்று திறந்தால் பெட் முழுக்கத் துரு. எமரி போட்டுத் தேய்க்கவா? தேங்காய் எண்ணெய் பூசச் சொல்கிறார்கள்.

பதில்: அம்மா, நீங்கள் அதை இரும்புக் கடைக்கு எடை போடாமல் திறந்து பார்த்தீர்களே, அதற்கே என் நன்றி.

எமரி வேண்டவே வேண்டாம். எமரித் தூள் எண்ணெயோடு சேர்ந்தால் அரைக்கும் பசை ஆகிவிடும். சேடிலுக்கு அடியில் புகுந்து பெட்டைத் தின்னும். மண்ணெண்ணெயைத் தாராளமாகப் பூசி ஒரு நாள் ஊற விடுங்கள். ரேஷனில் கிடைக்கவில்லை என்றால் டீசல் போதும், நெருப்பு மட்டும் பக்கத்தில் வேண்டாம். மறுநாள் பித்தளைத் தகட்டின் விளிம்பால் சுரண்டுங்கள். பித்தளை இரும்பை விட மெத்து, அதனால் துரு போகும், பெட் கீறாது. கறுப்புக் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும். கறை வேலையைக் கெடுக்காது. சுத்தமாகும் வரை சேடிலை நகர்த்த வேண்டாம். அதன் முன்னும் பின்னும் இருக்கும் துடைப்பான் ஃபெல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், கல் மாதிரி இறுகியிருக்கும். புது ஃபெல்ட் வெட்டிப் போடுங்கள்.

தார்பாய்தான் துருவுக்குக் காரணம். உள்ளே சேர்ந்த ஈரம் வெளியே போக வழியில்லை, கடல் காற்றின் உப்பு வேறு. பழைய பருத்திப் போர்வையால் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் போர்வைக்கு அடியில், துணியைத் தொடாத இடத்தில், 40 வாட் குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டால் இரும்பு லேசான சூட்டிலேயே இருக்கும், ஈரம் படியாது. குண்டு பல்புதான் வேண்டும், எல்.இ.டி. சூடு தராது.

தேங்காய் எண்ணெய் துளையில் டேப் போடும்போது (உள் மரை வெட்டும்போது) அருமையானது. பெட்டுக்கு ஆகாது. 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், நாள்பட்டால் சிக்கும் பிடிக்கும். 68 கிரேடு ஸ்லைடுவே ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் வீட்டு வேலைக்கு நெடுநாள் வரும். வேலை முடிந்ததும் பனியன் வேஸ்ட்டால் துடைத்து, விரலால் தடவி ஒரு படலம் விடுங்கள். லீட் ஸ்க்ரூவிலும் (மரை வெட்ட சேடிலை நகர்த்தும் நீண்ட திருகு) பெட்டிலும் கிரீஸ் மட்டும் வேண்டாம், தூளையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அப்பாவுடையது பழைய லேத் என்றால் ஹெட் ஸ்டாக்கில் பேரிங்குக்குப் பதில் கன்மெட்டல் புஷ் (வெண்கல உருளை வளையம்) இருக்கலாம். மேலே எண்ணெய்க் குழி தெரியும். ஒவ்வொரு முறையும் ஓட்டும் முன் அதில் எண்ணெய் விடுங்கள். முதல் நாள் பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் சும்மா ஓட்டி, புஷ் பக்கம் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே நிறுத்துங்கள்.

ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது ஹெட் ஸ்டாக் பெயின்ட் மேல் வையுங்கள். பெட்டில் வைத்த சந்தனம் அடியில் ஈரத்தைப் பிடித்து வட்டமாகத் துருவை விட்டுச் செல்லும். என் லேத்தில் அப்படி ஒரு பொட்டு இன்றைக்கும் இருக்கிறது.

கேள்வி: சென்னை. என் மினி லேத் கட் கொஞ்சம் அதிகமானால் நின்றுவிடுகிறது. கன்ட்ரோல் போர்டு மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். மோட்டார் பக்கத்து மூடியைத் திருகி கார்பன் பிரஷ்ஷை வெளியே எடுங்கள். தேய்ந்து குட்டையாகியிருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், மலிவானதுதான். பிரஷ் நன்றாக இருந்தால், ஹெட் ஸ்டாக்குக்குப் பின்னால் ஹை, லோ லீவர் எதில் இருக்கிறது என்று பாருங்கள். ஹையில் வைத்துக்கொண்டு வேகக் குமிழைக் குறைத்து ஓட்டினால் மோட்டாருக்கு இழுவை இருக்காது, போர்டும் சூடாகும். மெஷின் நின்ற பிறகு லோவில் போட்டுப் பாருங்கள். போர்டு கடைசிச் சந்தேகம்தான்.

கேள்வி: என் கணவர் ஓய்வுக்குப் பிறகு லேத் வாங்கியிருக்கிறார். லுங்கி கட்டிக்கொண்டு, கையில் கோயில் கயிற்றோடு ஓட்டுகிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார். (கரூர் வாசகி)

பதில்: ஐயா, உங்களிடமே பேசுகிறேன். நான் வேலை பார்த்த ஒரு பட்டறையில், பக்கத்து மெஷினில் நின்றவர் ஓடும் ராடின் மேல் எமரித் துணியைக் கையால் சுற்றிப் பிடித்தார். மணிக்கட்டில் கயிறு. துணி சுற்றிக்கொண்டது, கயிறு சுற்றிக்கொண்டது, கை உள்ளே போனது. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பதற்குள் இரண்டு விரல் இல்லை. அவருக்கு அப்போது 24 வயது.

கயிறு, மோதிரம், வாட்ச் எல்லாம் கழற்றி ஒரு டப்பாவில் போடுங்கள். கயிறு சாமிக்குக் கட்டியது, கழற்ற மனம் வராது என்றால் கழுத்தில் வேண்டாம், பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள். லுங்கிக்குப் பதில் பேன்ட், அரைக்கைச் சட்டை, கண்ணாடி. கையுறை கூடாது, அதையும் மெஷின் இழுக்கும். சுருளைக் கையால் எடுக்காமல் கம்பியை வளைத்து ஒரு கொக்கி செய்துகொள்ளுங்கள். எமரி போட வேண்டுமென்றால் தட்டையான மரக்கட்டையில் ஒட்டிப் பிடியுங்கள்.

சக் சாவியை சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டால் அது எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது. ஸ்விட்சுக்குப் பக்கத்திலேயே ஓர் ஆணி அடித்து, சாவியை அதில் மாட்டுங்கள். அம்மா, ஆணியில் சாவி தொங்குகிறதா என்று நீங்களும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.