அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பெண் அங்கே தொழிலிலும் அரசியலிலும் பெரிய இடத்துக்கு வர முடியுமா?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். எம்பிஏ படிக்க அமெரிக்கா கிளம்புகிறீர்கள், இந்திரா நூயி, பிரமிளா ஜெயபால் மாதிரி ஆக முடியுமா, இல்லை அவர்களெல்லாம் விதிவிலக்கா என்று கேட்டிருக்கிறீர்கள். வயது எழுதவில்லை. இருபத்து மூன்று, இருபத்து நான்கு இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றும். ஆகியிருந்தால் கேள்வியே வேறு மாதிரி வந்திருக்கும்.

முடியும். ஆனால் எந்த விசாவில் போகிறீர்கள், அந்த விசா எத்தனை வருடத்தில் கிரீன் கார்டாக, அதாவது நிரந்தரக் குடியிருப்பு உரிமையாக மாறும் என்பதுதான் பாதி விஷயத்தைத் தீர்மானிக்கிறது. திறமை, உழைப்பு எல்லாம் அதற்கு அப்புறம். வெற்றிக்கதை எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். நான் அந்த ஒரு வரிக்குள் பத்து வருடமாக மாட்டிக்கொண்டு இருப்பவள், அதனால் தாண்ட மாட்டேன்.

பெப்சிகோவின் தலைவராக இருந்த நூயியைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம் வரை போன ஜெயபாலை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தொழில், அரசியல் இரண்டையும் பார்த்தவர் அவர். 1965-ல் சென்னையில் பிறந்தவர். (அவர் மலையாளி, தமிழச்சி இல்லை என்று சொல்ல வருகிறவர்களுக்கு: தெரியும். நான் உரிமை கொண்டாடவில்லை.) சிறு வயதிலேயே குடும்பத்தோடு இந்தோனேசியா, சிங்கப்பூர் போய்விட்டு, 1982-ல் பதினாறு வயதில் தனியாக வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெற்றோர் கையில் இருந்த 5,000 டாலர் அளவுக்கான சேமிப்பைத் துடைத்தெடுத்து அனுப்பினார்கள். அப்பாவுக்கு மகள் ஐபிஎம் மாதிரிக் கம்பெனிக்குத் தலைவராக வேண்டும் என்று ஆசை. மகளோ ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறேன் என்று போன் போட்டார். உனக்குத்தான் ஏற்கெனவே இங்கிலீஷ் தெரியுமே என்று அப்பா கத்தினாராம். பொருளாதாரம் படித்தவளுக்குக் கிடைக்கிற வேலையை நானும் வாங்கிக் காட்டுகிறேன் என்று மகள் சத்தியம் செய்துகொடுத்தார். காட்டவும் செய்தார். வால் ஸ்ட்ரீட்டில் பெயின்வெபர் நிறுவனத்தில் அனலிஸ்ட் வேலை. பிறகு நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எம்பிஏ, 1990. நின்ற இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியை விற்கும் வேலையும் கொஞ்ச காலம். அப்புறம்தான் சியாட்டில், பொதுச் சுகாதார வேலை, ஏழை நாடுகளின் சுகாதாரத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் நிதியை நடத்துவது.

இதுவரை எல்லாக் கட்டுரையிலும் இருக்கும். நான் குறித்துவைத்திருப்பது இதன் நடுவில் இருக்கிறது. 1990களின் நடுவில் ஓர் ஆய்வு நிதியில் இந்தியா வந்திருந்தார். 1997-ல் இந்தியாவிலேயே குழந்தை பிறந்தது. குறைமாதம், எடை இரண்டு பவுண்டுக்கும் கீழே. அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏற முடியாது. கிரீன் கார்டுக்காரர் குறித்த கெடுவுக்குள் அமெரிக்கா திரும்பியாக வேண்டும். குழந்தை இன்குபேட்டரில் இருக்கும்போது கார்டும் சிக்கலில் மாட்டியது. கடைசியில் குடியுரிமை கிடைத்தது 2000-ல். வந்தது 1982. நடுவில் விதவிதமான விசாக்கள்.

அமெரிக்க அரசியல் சாசனப்படி காங்கிரசின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்குப் போக ஏழு வருடம் குடிமகளாக இருந்திருக்க வேண்டும், மேலவையான செனட்டுக்கு ஒன்பது. அதாவது அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் 2007-க்கு முன்னால் அந்தக் கதவு திறந்திருக்காது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள், சீக்கியர்கள், சோமாலியர்கள் மீது வெறுப்பு பாய்ந்தபோது சியாட்டிலில் ஓர் அமைப்பு தொடங்கினார். அதுதான் பின்னால் ஒன் அமெரிக்கா என்று பெயர் மாறியது. சோமாலியர்களை நாடுகடத்துவதை எதிர்த்து அரசின் மேல் வழக்கு போட்டார்கள். 2014-ல் மாநில செனட் தேர்தலில் ஜெயித்து, 2016-ல் காங்கிரசுக்குத் தேர்வாகி, 2017 ஜனவரியில் பதவியேற்றார். பிரதிநிதிகள் சபைக்குப் போன முதல் இந்திய அமெரிக்கப் பெண் அவர். அப்போது வயது ஐம்பத்தொன்று.

இப்போது என் கதை. 2016-ல் நான் சியாட்டிலுக்கு வடக்கே ஷோர்லைனில் இருந்தேன். எச்-4 விசா, அதாவது எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவரின் மனைவி. ஊரில் பொதுத்துறை வங்கி ஒன்றில் ஆபீசராக இருந்தவள். திருநெல்வேலிக் கிளையில் விவசாயக் கடன் பிரிவு என் கையில். அதை ராஜினாமா செய்துவிட்டு வந்து, இங்கே தனியாக ஒரு கிரெடிட் கார்டுகூட வாங்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தொகுதியில் சென்னையில் பிறந்த ஒரு பெண் நிற்கிறார் என்று பக்கத்து வீட்டுக் கன்னடத்துக்காரப் பெண் சொன்னாள். குடியுரிமை இல்லாதவர்கள் சம்பளம் வாங்காமல் பிரச்சாரத்தில் உதவலாம், அதற்குச் சட்டத்தில் தடையில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு அவளோடு போனேன். வீட்டில் இவருக்குப் பயம். "இதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? விசாவுல ஏதாவது வந்துச்சுன்னா என்ன பண்ணுவ?" என்றார். தப்பு சொல்ல முடியாது. ஆனால் போனேன்.

அட்டையில் கிளிப் போட்ட காகிதம் கொடுப்பார்கள். தெருவாரியாகப் பெயர், வயது, வீட்டு எண். எதிரே ஆதரவு, எதிர்ப்பு, முடிவு செய்யவில்லை, வீட்டில் இல்லை என்று கட்டங்கள். பெரும்பாலும் கடைசிக் கட்டம்தான் நிரம்பும். ஒரு வீட்டில் வயதானவர் ஒருவர் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். நோட்டீசை வாங்கி, பார்க்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, என் சொத்து வரி ஏறிக்கொண்டே போகிறதே, இந்த அம்மா அதற்கு என்ன செய்வார் என்று கேட்டார். சொத்து வரி உள்ளூர் சமாச்சாரம், காங்கிரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றேன். விடவில்லை. உள்ளே போய் வரித்தாளையே எடுத்துவந்துவிட்டார். கடன் பிரிவில் இருந்தவளுக்கு அந்தத் தாளைப் பார்த்ததும் கை பரபரத்தது. மதிப்பிட்ட விலையில் ஆயிரம் டாலருக்கு இவ்வளவு என்று வீதம். அது மாநிலத்துக்கு இவ்வளவு, பள்ளிக்கு இவ்வளவு, நூலகத்துக்கு இவ்வளவு என்று பிரிந்து நிற்கும். உங்கள் வரியில் பெரிய துண்டு பள்ளிக்கூட வரி, அது உங்கள் ஊர்க்காரர்களே ஓட்டுப்போட்டு ஒத்துக்கொண்டது என்று பேனாவால் கோடு போட்டுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிவு செய்யவில்லை" கட்டத்தில் டிக் அடித்துவிட்டு வந்தேன்.

இதைக் கூடவே நின்று பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, அவரும் தொண்டராக வந்தவர்தான், திரும்பும் வழியில் கேட்டார்: எனக்குத் தெரிந்த ஒருவர் அடுத்த முறை நகர்மன்றத்துக்கு நிற்கப்போகிறார், நன்கொடைக் கணக்கு பார்க்க ஆள் தேவை, பகுதி நேரம், கொஞ்சம் சம்பளம் உண்டு, வருகிறாயா? அமெரிக்காவில் ஒருவர் என்னைப் பார்த்து, நீ இந்த வேலைக்குச் சரிப்படுவாய் என்று சொன்ன முதல் தடவை அது. முடியாது என்றேன். ஏன் என்றார். வேலை செய்ய எனக்கு அனுமதி இல்லை என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. சட்டப்படி நாட்டில் இருக்கிறாய், ஆனால் வேலை செய்யக்கூடாதா? சரி, சம்பளம் இல்லாமல் செய் என்றார். வக்கீலிடம் கேட்டேன், சம்பளத்துக்கு ஆள் வைக்கிற வேலையைச் சும்மா செய்தாலும் வம்புதான் என்றார்.

நன்கொடையாவது கொடுப்போம் என்று ஒருநாள் இருபத்தைந்து டாலருக்குக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். கார்டு எண் எல்லாம் போட்டாயிற்று. கீழே ஒரு கட்டம்: நான் அமெரிக்கக் குடிமகள் அல்லது நிரந்தரக் குடியிருப்பு உரிமை உள்ளவள் என்று உறுதி சொல்ல வேண்டும். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் எந்தத் தேர்தலுக்கும் பணம் கொடுக்கக்கூடாது என்பது கூட்டரசுச் சட்டம். பக்கத்தை மூடிவிட்டேன்.

நான் சாக்கு சொல்கிறேன், சாமர்த்தியம் உள்ளவள் எப்படியும் மேலே வந்திருப்பாள் என்று யாராவது எழுதத்தான் போகிறீர்கள். எழுதுங்கள். வேலையை அடிப்படையாக வைத்து வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு, அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இந்தியாவுக்கும் அதே 7, ஐஸ்லாந்துக்கும் அதே 7. எச்-4 மனைவிகள் வேலை செய்யலாம் என்று 2015-ல் விதி வந்தது உண்மைதான், ஆனால் கணவருக்கு ஐ-140, அதாவது கிரீன் கார்டுக்காகக் கம்பெனி போடும் மனு, ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். எங்களுக்கு அது தாமதமாகத்தான் வந்தது. வந்தபின் ஒரு சின்னக் கணக்கு அலுவலகத்தில் சேர்ந்தேன். அனுமதி அட்டையைப் புதுப்பிக்க மனுப் போட்டுக் காத்திருக்கும்போதே பழைய அட்டை காலாவதியாக, அந்த அலுவலகம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை என்னைச் சம்பளப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தேன்.

இந்த இடத்தில் ஈலேன் சாவ் பற்றியும் சொல்ல வேண்டும். தைவானில் பிறந்தவர், 1961-ல் எட்டு வயதில் சரக்குக் கப்பலில் வந்தவர். ஆனால் அப்பா மூன்று வருடம் முன்பே வந்து காலூன்றியிருந்தார், பின்னால் கப்பல் கம்பெனி முதலாளியும் ஆனார். மகள் ஹார்வர்ட் எம்பிஏ, சிட்டிகார்ப், பேங்க் ஆஃப் அமெரிக்கா, பிறகு 2001-ல் தொழிலாளர் துறை அமைச்சர், 2017-ல் போக்குவரத்து அமைச்சர். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் ஆசிய அமெரிக்கப் பெண். அவர் ஒரு தேர்தலிலும் நின்றதில்லை, எல்லாம் நியமனம். அதிபருக்கு ஏதாவது ஆனால் அடுத்தடுத்து யார் பொறுப்பேற்பது என்ற வரிசையில் அமைச்சர்களும் உண்டு, ஆனால் வெளிநாட்டில் பிறந்ததால் அவரைத் தாண்டித்தான் அந்த வரிசை போகும். குழந்தையாகக் குடும்பத்தோடு வருவது ஒரு கணக்கு. ஜெயபால் மாதிரி மாணவியாகத் தனியே வருவது இன்னொன்று. என்னை மாதிரி மனைவியாக வருவது மூன்றாவது. மூன்றையும் ஒரே தட்டில் வைத்து "உழைத்தார், உயர்ந்தார்" என்று எழுதினால் எனக்கு எரிச்சல் வரும்.

எரிச்சல் என்றதும் இன்னொன்று. நம் ஆட்கள் மட்டும் என்ன யோக்கியமா? நான் இருந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவுக்கு வரவு செலவுக் கணக்கு முழுக்க நான்தான் போட்டேன். அரங்க வாடகை, ஸ்பான்சர் பணம், மிச்சம் வந்த வாழையிலைக்கான காசு வரைக்கும். பொதுக்குழுவில் மேடை ஏறி அதை வாசித்தவர் பொருளாளர். என்னைப் பார்த்து "மகளிர் அணிக்கு நன்றி, சாம்பார் பிரமாதம்" என்றார். சாம்பார் நான் வைக்கவே இல்லை. வைத்தது இன்னொரு அக்கா, அவருக்கும் நன்றி போய்ச் சேரவில்லை. ஊரை விட்டு வந்து பெண்கள் முன்னேறுவது பற்றிப் பட்டிமன்றம் மட்டும் வருடா வருடம் உண்டு. சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவீர்கள். ஜெயபால் சொல்வதெல்லாம் எனக்குச் சம்மதம் என்று இல்லை. 2019-ல் காஷ்மீர் பற்றி அவர் தீர்மானம் கொண்டுவந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் வெட்டுக்குத்து நடக்காத குறை. அதே வருடம் டிசம்பரில், அவர் இருப்பார் என்பதற்காகவே நம் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் ஒரு சந்திப்பைத் தவிர்த்தார். அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. அவருடைய கொள்கையைச் சரி பார்க்க நான் இதை எழுதவில்லை, அவருடைய தேதிகளைத்தான் பார்க்கிறேன்.

நீங்கள் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறீர்கள். அப்படியானால் என்னைவிட நல்ல இடத்தில் தொடங்குகிறீர்கள். படிப்பு முடிந்ததும் கொஞ்ச காலம் வேலை செய்யவும் வழி உண்டு. வேலை கொடுக்க வரும் கம்பெனிகளிடம், கிரீன் கார்டு எந்த வருடம் தொடங்கிக் கொடுப்பீர்கள் என்று கல்லூரியில் சேர்ந்த உடனேயே கேட்கக் கூச்சப்படாதீர்கள். சம்பளத்தை அப்புறம் பேசலாம். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு எச்-4-க்கு மாறும் யோசனை வந்தால் முதலில் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். அரசியல் ஆசை இருந்தால் நீங்கள் இருக்கும் ஊரின் நகர்மன்றக் கூட்டத்துக்குப் போங்கள். பொதுமக்கள் பேச இரண்டு, மூன்று நிமிடம் தருவார்கள். பெயரும் எந்த ஊர் என்பதும் கேட்பார்கள், பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள்.